சேஃப்டி ஷூவுக்கு ஒரு பொட்டு

ஆரம்பாக்கம் அரசப்பனுக்கு நாலு ஏக்கர் நெல் வயலும் ஒரு யூடியூப் சேனலும் இருந்தன. வயலை ஆள் வைத்துப் பார்த்துக்கொண்டார். சேனலுக்கு யாரையும் நம்பவில்லை. அதன் பெயர் ‘கண்காணி’. தொலைக்காட்சிக்காரர்கள் நம் பண்பாட்டை எந்த நிமிடத்தில், எந்த வினாடியில் கெடுக்கிறார்கள் என்று கண்டுபிடித்துச் சொல்வதுதான் அதன் வேலை. நீள நோட்டில் கோடு போட்டு, சேனல், தேதி, மணி, வினாடி, குற்றம் என்று வரிசையாக எழுதி வைப்பார். ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு மணிக்கு விளக்கேற்றி, திருநீறு பூசி, சால்வை போர்த்திக்கொண்டு நேரலையில் உட்கார்வார். வீட்டில் பேசுகிற பேச்சு வேறு. நேரலையில் அவர் பேசுவது மேடைத் தமிழ்.

சர்ச்சை அவருக்குப் புதிதல்ல. பிரதோஷத்தன்று ரசத்தில் பூண்டு தட்டிப் போட்ட டிவி சமையல்காரம்மாவை மூன்று வாரம் விடாமல் விமர்சித்தார். அந்த அம்மா நாலாவது வாரம் பூண்டு ஊறுகாய் போட்டுக் காட்டினார். இன்னொரு முறை, தேரோட்ட நேரலையைப் பதினொரு நிமிடம் வேண்டுமென்றே வெட்டிவிட்டார்கள் என்று பொங்கினார். மறுநாள் மொட்டை மாடிக்குப் போனபோது அவர் வீட்டு டிஷ் ஆன்டெனா மேல் ஒரு தென்னை மட்டை கிடந்தது. அடுத்த ஞாயிறு, “பதினொரு நிமிடச் சதி பற்றிய விசாரணை நிறைவுற்றது” என்று மட்டும் சொல்லிவிட்டு வேறு விஷயத்துக்குப் போய்விட்டார்.

கெட்டவர் அல்ல. வயலில் பாம்பைக் கண்டால்கூட வழிவிட்டு நிற்பார். ஆனால் திரைக்குள் இருக்கிறவர்களும் எங்கோ ஒரு வீட்டில் சாப்பிட்டுத் தூங்கி எழுகிறவர்கள் என்பது அவருக்கு அடிக்கடி மறந்துபோகும்.

அந்த ஆண்டு ஆயுத பூஜை முடிந்த மறுநாள், கும்மிடிப்பூண்டி கேபிளில் வருகிற ஒரு உள்ளூர்ச் சேனல் தேர்வாய் கண்டிகைத் தொழிற்சாலை ஒன்றில் நடந்த பூஜையை இரண்டு நிமிடம் காட்டியது. இரும்புத் தகட்டை அழுத்தி வார்க்கிற பெரிய பிரஸ் மெஷினுக்கு மாலை. வாழைக்கன்று. பொரி, கடலை. தரையில் போட்ட மஞ்சள் கோட்டுக்கு உள்ளே ஹெல்மெட்டும் கண்ணாடியும் முகமூடியும் போட்ட ஒருவர் தட்டேந்திக் கற்பூரம் காட்டினார். பக்கத்தில் இன்னொருவர் தீயணைப்பு உருளையைப் பிடித்துக்கொண்டு காவலுக்கு நின்றார்.

அரசப்பன் அதை நிறுத்தி நிறுத்திப் பதினேழு முறை பார்த்தார். கற்பூரம் காட்டியவர் காலில் ஷூ இருந்தது. போதாததற்கு ஷூவின் நுனியில் சந்தனமும் குங்குமமும் வைத்த பொட்டும் இருந்தது.

அந்த ஞாயிறு ‘கண்காணி’ அதிர்ந்தது. கற்பூரம் காட்டியவரைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு, “யார் இந்தக் காலணிப் பக்தர்?” என்று தலைப்பு வைத்தார். “கற்பூரத்துக்குப் பக்கத்தில் தீயணைப்பு உருளை! இறைவன் மேல் இவ்வளவுதானா நம்பிக்கை? இதைப் பெருமையாகப் படம் பிடித்து ஒளிபரப்பிய செய்தியாளர் யார் தெரியுமா? ஏஞ்சலின்.”

பெயரைச் சொல்லிவிட்டு மூன்று வினாடி பேசாமல் கேமராவையே பார்த்தார். அந்த மூன்று வினாடியில் ஒரு கெட்ட வார்த்தையும் இல்லை. ஆனால் கேட்கிறவர்கள் என்ன நினைத்துக்கொள்ள வேண்டுமோ அதை நினைத்துக்கொள்ள அது போதுமான நேரமாக இருந்தது.

வழக்கமாக நாலாயிரம் பேர் பார்க்கிற சேனலை அந்த வாரம் அறுபதாயிரம் பேர் பார்த்தார்கள். வட்டத்துக்குள் இருப்பவரைக் கண்டுபிடித்துச் சொல்பவருக்குச் சால்வை போர்த்துவதாகவும் அரசப்பன் அறிவித்தார்.

வட்டத்துக்குள் இருந்தவர் அந்த நேரம் அடுத்த அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தார். அரசப்பனின் ஒரே மகள் பூமிகா.

பூமிகா டிப்ளமோ மெக்கானிக்கல் படித்தவள். ‘ஃபேனுக்குக் கீழ உக்கார்ற ஆபீஸ் வேல’ என்றால் மட்டுமே அனுப்புவேன் என்று அப்பா சொல்லியிருந்தார். அப்படித்தான் சேர்ந்தாள். மூன்றாவது மாதம் பிரஸ் மெஷின் பக்கம் ஆள் கேட்டபோது கையைத் தூக்கிவிட்டாள். சுடிதாரில் போய், லாக்கர் அறையில் சட்டையும் பேன்ட்டும் மாட்டி, ஒன்றரை வருடமாக மெஷின் ஓட்டுகிறாள். அம்மா முத்தம்மாளுக்குத் தெரியும். மகளின் கையில் கிரீஸ் வாசனையை அம்மாவிடம் எத்தனை நாள் மறைக்க முடியும்?

புதன்கிழமை இரவு பூமிகா கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கியபோது, ஏழு மணிச் செய்தி படித்து முடித்த ஏஞ்சலின் பிளாட்பாரத்தில் காத்திருந்தாள். இவள் வடக்கே ஆரம்பாக்கம் போக வேண்டும், அவள் தெற்கே கவரைப்பேட்டை. பாலிடெக்னிக் காலத்திலிருந்தே தோழிகள். எந்த ரயில் முதலில் வருகிறதோ அதுவரை பேசுவார்கள்.

“இன்னாடி, உங்க நைனா சால்வ தராராமே?” என்றாள் ஏஞ்சலின்.

“நானே கண்டுபுடிச்சு, நானே வாங்கிக்கலாம்னு பாக்கறேன்.”

ஏஞ்சலின் சிரித்தாள். ஆனால் சிரிப்பு சீக்கிரம் நின்றுவிட்டது. “ஜெயராஜ் சார் கூப்ட்டாரு. சேனலுக்குப் போன் மேல போனாம். ஞாயித்துக்கிழம ஏழு மணி நியூஸுக்குள்ள அந்த வட்டத்துல கீற ஆளு கேமரா முன்னாடி வந்து, ‘ரூல்ஸு, அதான் ஷூ போட்டேன்’னு சொல்லணுமாம். இல்லாங்காட்டி ஏழு மணி நியூஸ வேற ஆளு படிப்பாங்க. எனக்கு வேல இல்ல.”

சேனல் முதலாளி ஜெயராஜ் பயந்த மனிதர். ஏஞ்சலின் வீட்டிலோ தினமும் ஏழு மணிக்கு டிவி முன்னால் அவள் அம்மா நின்றுகொண்டேதான் செய்தி பார்ப்பாள். மகள் வணக்கம் சொல்லி முடித்ததும் சிலுவைக்குறி போட்டுக்கொண்டு, அதன் பிறகுதான் சோறு வடிப்பாள்.

“என் பேர சொல்ல வேண்டியதுதானே?” என்றாள் பூமிகா.

“சொல்லிட்டு? மறுநாள் உன்ன வேலைக்கு அனுப்புவாரா உங்க நைனா? நீ ஷூவ கழட்டி மாட்டிட்டு ஊட்ல குந்தணும். வுடு. எனக்கு வேற எடத்துல கெடைக்கும்.”

“கெடைக்குமா?”

“தெர்ல. ஒரு இதுக்கு சொன்னேன்.”

இருவரும் சிரித்துவிட்டார்கள். கவரைப்பேட்டை ரயில் முதலில் வந்தது. ஏறிய பிறகும் ஏஞ்சலின் சன்னல் வழியாக, “சொல்லாத, இன்னா?” என்று விரலை ஆட்டிவிட்டுப் போனாள்.

தன் வேலை போகும் நேரத்தில் இன்னொருத்தியின் வேலையைக் காப்பாற்றுகிற மனசை ஆண்டவன் எப்படியும் பார்த்துக்கொள்வான். ஆனால் ஆண்டவன் பார்த்துக்கொள்வான் என்று பூமிகா சும்மா இருக்கவில்லை. அப்பாவிடம் சொல்லிவிடுவது என்று அன்று இரவே முடிவு செய்தாள்.

வியாழக்கிழமை அரசப்பன் காதில் ஹெட்போன் இருந்தது. வெள்ளிக்கிழமை, “எடிட்டிங் போய்க்கினு கீது, அப்பறம்” என்று கையைக் காட்டினார். சனிக்கிழமை காலை நாஷ்டா சாப்பிடும்போது பிடித்தாள்.

“நைனா, அந்த ஷூ மேட்டர்ல…”

“நீ ஆபீஸ்ல ஃபேன் காத்துல குந்திக்கினு கீறவ. மெஷினாண்ட இன்னா நடக்குதுன்னு உனக்கு இன்னா தெரியும்?” என்று சொல்லிவிட்டு இன்னொரு இட்லி கேட்டார்.

முத்தம்மாளுக்கு இருமல் வந்தது. அது இருமல் இல்லை.

ஞாயிறு வந்தது. ஆறு மணி. விளக்கு, திருநீறு, சால்வை. முன்னால் லேப்டாப், பூமிகா முதல் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்தது. எண்ணூறு பேர் நேரலையில் காத்திருந்தார்கள். பூமிகா அடுத்த அறையில் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மணி ஆறே கால் ஆனபோது அவளுக்கு ஒன்று தோன்றியது. வீட்டில் யார் பேசினாலும் அப்பா கேட்பதில்லை. ஆனால் கமெண்ட்டை ஒன்று விடாமல் படிப்பார். நன்றி சொல்லிப் பதிலும் சொல்வார்.

‘ஆரம்பாக்கம் அடியேன்’ என்று ஒரு பெயர் வைத்துக்கொண்டு எழுதினாள்: ‘ஐயா, அந்தத் தட்டில் ஏதோ பெயர் வெட்டியிருக்கிறது. பெரிதாக்கிப் பார்க்கவும்.’

அரசப்பனின் முகம் மலர்ந்தது. “அன்பர் ஆரம்பாக்கம் அடியேன் கூர்மையான கண் உடையவர். நம் ஊர்க்காரர் வேறு. நன்றி ஐயா! இதோ பெரிதாக்குகிறேன்.”

திரையில் எவர்சில்வர் தட்டு வளர்ந்தது. விளிம்பில் புள்ளிப் புள்ளியாக எழுத்து. அரசப்பன் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, எண்ணூறு பேருக்கும் கேட்கும்படி நிறுத்தி நிதானமாகப் படித்தார்.

“பூ… மி… கா. காதணி விழா. தாய்மாமன் சீர். வசந்தகுமார்.”

அவர் மெல்லத் திரும்பிப் பூஜை அலமாரியைப் பார்த்தார். மகளுக்குக் காது குத்தியபோது மச்சான் வசந்தகுமார் வைத்த அதே சீர்த்தட்டு, வழக்கமான இடத்தில், வாழைப்பழத்தோடு இருந்தது.

“நேயர்களே!” என்று எழுந்தார். “பெரிய சதி! எங்கள் வீட்டுத் தட்டைத் திருடி…”

“ஒருத்தரும் திருடல நைனா.” பூமிகா கேமராவுக்கு முன்னால் வந்து நின்றாள். “நான்தான் எடுத்துக்கினு போனேன். கேன்டீன் தட்டுல கோழி போடுவாங்க. அதுல சாமிக்குக் கற்பூரம் காட்ட வேணாம்னு நம்ம ஊட்டுத் தட்ட எடுத்துக்கினு போயி, திருப்பி வெச்சுட்டேன். வட்டத்துல கீறது நான்தான். நான் மெஷின் ஓட்டறேன். ஒன்ற வருஷமா.”

அரசப்பனின் கை நேரலையை நிறுத்தும் பொத்தானை நோக்கிப் போனது.

“அத்த அணைக்காதீங்க,” என்றாள் முத்தம்மாள், சமையல்கட்டு வாசலிலிருந்து. “போன வாரம் ஊரான் பொண்ணு பேர சொல்லும்போது அணைச்சீங்களா?”

கை நின்றது.

“ஷூ போட்டுக்கினு சாமி கும்புடலாமா?” என்றார். மேடைத் தமிழ் எங்கேயோ போய்விட்டிருந்தது.

“மஞ்ச கோட்டுக்கு உள்ள யாரா இருந்தாலும் ஷூ போடணும், நைனா. பூஜ பண்ண வந்த ஐயரே போட மாட்டேன்னு கோட்டுக்கு வெளியிலயே நின்னுட்டாரு. அதான் என் கையில குடுத்தாங்க. மொத நாளே எல்லார் ஷூவையும் கழுவிக் காய வெச்சேன். நுனியில இரும்பு கீது. போன மாசம் மெஷின்ல மாட்டற இரும்பு அச்சு, டைன்னு சொல்வாங்க, அது கால்ல வுழுந்துச்சு. ஷூ இல்லன்னா எனக்கு அஞ்சு வெரலும் இல்ல. அதான் அதுக்கும் பொட்டு வெச்சேன்.”

“ட்ராக்டர் டயருக்கு நீங்க வெச்ச பொட்டு இன்னும் காயல,” என்றாள் முத்தம்மாள். “அந்த டயரு பூ மேலயா ஓடுது? சாணியிலதானே ஓடுது?”

எண்ணூறு பேர் இப்போது மூவாயிரமாகியிருந்தார்கள். கமெண்ட் மழையாகக் கொட்டியது. ‘சால்வை யாருக்கு ஐயா?’ என்று ஒருவர் கேட்டிருந்தார்.

பூமிகா அதையெல்லாம் பார்க்கவில்லை. “நைனா, என்ன அப்பறம் திட்டு. ஏழு மணிக்கு ஏஞ்சலினுக்கு வேல போவுது. என் பேர சொல்லியிருந்தா அவ வேல தப்பிச்சிருக்கும். சொல்ல மாட்டேன்னுட்டா. நீ என்ன வேலைய வுட்டு நிறுத்திடுவியோன்னுதான் அவ சொல்லல.”

மணி ஆறு நாற்பது.

அரசப்பன் உட்கார்ந்தார். நீள நோட்டைத் திறந்தார். பேனா மூடியைக் கழற்ற வழக்கத்தைவிட நேரம் ஆனது. எழுதிவிட்டு, கேமராவைப் பார்த்து, எப்போதும் படிக்கிற அதே குரலில் படித்தார்: “சேனல், கண்காணி. போன ஞாயிறு. ஆறு மணி பன்னிரண்டு நிமிடம். குற்றம்: ஒரு பெண்ணின் பெயரைச் சொல்லிவிட்டு மூன்று வினாடி சும்மா இருந்தது.”

பிறகு போனை எடுத்தார். வாரா வாரம் புகார் சொல்கிறவர் என்பதால் ஜெயராஜின் எண் மனப்பாடம். ஸ்பீக்கரில் போட்டார்.

“ஐயா, வணக்கம்,” என்றது ஜெயராஜின் களைத்த குரல். “இன்னிக்கு இன்னா தப்பு?”

“இன்னிக்கு தப்பு என்னுது தம்பி. வட்டத்துல கீறது என் பொண்ணு. இங்க கேமரா முன்னாடிதான் நின்னுக்கினு கீறா. ரூல்ஸு, அதான் ஷூ போட்டா. போதுமா? ஏழு மணிக்கு ஏஞ்சலின்தான் படிக்கணும். மாத்தினீங்கன்னா அடுத்த வாரம் பூரா உங்க சேனல மட்டுந்தான் பாப்பேன்.”

இந்தக் கடைசி வாக்கியத்துக்கு ஜெயராஜ் உண்மையாகவே பயந்தார். ஏழு மணிக்கு ஏஞ்சலின் வணக்கம் சொன்னாள். கண் மட்டும் கொஞ்சம் சிவந்திருந்தது. கவரைப்பேட்டையில் அவள் அம்மா நேரத்துக்குச் சோறு வடித்தாள். அரசப்பன் பழக்கதோஷத்தில் நோட்டோடு உட்கார்ந்தார். செய்தி முடியும்வரை குற்றம் என்ற இடத்தில் ஒன்றும் எழுதவில்லை.

ஆனால் ஒரு வாரத்தில் தொள்ளாயிரம் பேர் ‘கண்காணி’யை விட்டுப் போனார்கள். ‘விலை போய்விட்டார்’ என்று ஒருவர் அரசப்பன் முகத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு வீடியோ வெளியிட்டார். அரசப்பன் அதை முழுவதும் பார்த்துவிட்டு, வட்டம் சரியாகப் போடவில்லை, காது வெளியே நிற்கிறது என்றார்.

மகளிடம் மட்டும் மூன்று நாள் பேசவில்லை. வேலைக்குப் போகாதே என்றும் சொல்லவில்லை.

நாலாம் நாள் பூமிகா முதல்முறையாக ஷூவோடு வீட்டுக்கு வந்து, வாசற்படிக்குக் கீழே கழற்றிப் போட்டுவிட்டுக் குளிக்கப் போனாள். ஐப்பசி மழை இருட்டிக்கொண்டு வந்தது. அரசப்பன் வெளியே எட்டிப் பார்த்தார். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துவிட்டு இறங்கிப்போய் இரண்டு ஷூவையும் கையில் தூக்கினார். ஒரு கணம் தடுமாறினார்.

உள்ளே கொண்டுவந்து வைக்கும்போது மகள் தலையைத் துவட்டிக்கொண்டு எதிரே நின்றாள்.

“இன்னாம்மா இது, இந்தக் கனம் கனக்குது?” என்றார். “இத்த மாட்டிக்கினா எட்டு மணி நேரம் நிக்கிற? கால் வலிக்காதா?”

பூமிகா துண்டைத் தோளில் போட்டுக்கொண்டாள்.

“கமெண்ட்ல கேளு நைனா,” என்றாள். “பதில் சொல்றேன்.”