கழித்தல் நின்றுபோன வகுப்பு

கடல் ஊருக்குள் வந்து போன அடுத்த மாதம், கல்முனைக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரைப் பள்ளிக்கூடத்தின் முதலாம் வகுப்பில் கழித்தல் நின்றுபோனது. கூட்டல் வழமைபோல் நடந்தது. எட்டுப் புளியங்கொட்டையோடு மூன்றைச் சேர்த்தால் பதினொன்று வந்தது. எட்டிலிருந்து மூன்றை எடுத்தால் மட்டும் மேசையில் எட்டு அப்படியே கிடந்தது. எடுத்த மூன்றும் பிள்ளையின் கைக்குள் இருந்தன. வகுப்பு வாசலைத் தாண்டியதும் கை வெறுமையானது. பிள்ளைகள் இதற்குப் பயப்படவில்லை. அவர்களிடமிருந்த பயம் டிசம்பரிலேயே தீர்ந்துபோயிருந்தது. பெரியவர்கள்தான் அலைந்தார்கள். நிவாரணப் பருப்பு கடைசிக் கூடாரம்வரை வராமல் வழியிலேயே வேண்டியவர்களின் வீடுகளுக்குள் போய்க்கொண்டிருந்த காலம் அது. ஒருவர் தனக்குக் கிடைத்த ஒரேயொரு பருப்புப் பக்கெற்றை மேசையில் வைத்து, ஒரு பிள்ளையைக் கொண்டு கழிப்பித்துப் பார்த்தார். பிள்ளையின் கையிலிருந்த புதுப் பக்கெற் வாசல்வரைக்கும் இருந்தது, பிறகு இல்லை. அவர் பழைய பக்கெற்றை இடுக்கிக்கொண்டு மறுபடியும் வரிசைக்குப் போனார்.

காரணம் என்னவென்று ஊரில் இரண்டு கட்சி உண்டானது. பள்ளிக்கூடத்தின் சாமான்கள் எல்லாவற்றையும் கடல் கொண்டுபோயிருந்ததால், எண்ணப் பழகுவதற்கென்று பள்ளிவாசலிலிருந்து ஒரு சாக்குப் புளியங்கொட்டை கொடுத்திருந்தார்கள். மௌத்தாகிப் போய்ச்சேர்ந்தவர்களுக்காக எழுபதினாயிரம் கலிமா ஓதும்போது எண்ணிக்கை பிசகாமலிருக்க ஒரு குவியலிலிருந்து மறு குவியலுக்கு மாற்றிப் போடுகிற கொட்டைகள் அவை. மையித்துக்களுக்கு எண்ணிய கொட்டையைச் சின்னப் பிள்ளைகளின் கையில் கொடுத்தது பிழை என்று மூத்தவர்கள் சொன்னார்கள். கொட்டை வைத்து ஓதுவதே மார்க்கத்தில் இல்லாத வேலை, அதனால்தான் இது வந்தது என்று இளைஞர்கள் சொன்னார்கள். இரண்டு கட்சியும் இரண்டு மாதம் கதைக்காமல் இருந்தன. அதற்கிடையில் கொட்டைகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சோடா மூடிகளை வைத்துப் பார்த்தாயிற்று. சோடா மூடிகளும் குறையவில்லை.

அந்த வகுப்புக்கு ஆசிரியை ஹாஜறா. பள்ளிக்கூடம் அப்போது ஒரு தகரக் கொட்டில். பழைய கட்டடத்தின் சுவர்கள் பின்னால் கூரையில்லாமல் நின்றன. கடல் வருவதற்கு முன்பே, அடுத்த தவணைக்கு நாற்பது பிள்ளைகளை முதலாம் வகுப்புக்குச் சேர்த்து, பெயர் எழுதி, சீருடைத் துணியும் கொடுத்து முடித்திருந்தார்கள். ஜனவரியில் கொட்டில் திறந்தபோது அந்த நாற்பதில் பாதிக்கும் குறைவானவர்களே வந்தார்கள். மற்றவர்கள் மையவாடி மண்ணுக்குள் இருந்தார்கள், அல்லது எங்கே என்று தெரியாமல் இருந்தார்கள். ஹாஜறா புதிய வரவு இடாப்பில் நாற்பது பெயரையும் எழுதினார். அதில் அவருடைய மகள் சபூறாவும் ஒருத்தி. சபூறாவின் சீருடைத் துணி தையல்காரரிடம் இருந்தது, தையல்காரரும் போய்விட்டார். பள்ளிக்கூடத்துக்கு ஒருநாளும் வராத பிள்ளையின் பெயர் இடாப்பில் எதற்கு என்று அதிபர் மெதுவாகக் கேட்டார். சேர்த்த பிள்ளையை வெட்டுவதற்கு எந்தச் சட்டத்தில் இடமிருக்கிறதென்று ஹாஜறா திருப்பிக் கேட்டார். அவர் அழுவதை யாரும் பார்த்ததில்லை. வெண்கட்டியை அவர் பிடிக்கிற பிடியில் அது தினமும் முறிந்தது.

மே மாதம் கல்விக் கந்தோரிலிருந்து ஒரு சுற்றுநிருபம் வந்தது. கடலால் பாதிக்கப்பட்ட பிள்ளைகளின் மனதை ஒருமுகப்படுத்துவதற்காக, காலைக் கூட்டம் முடிந்ததும் பத்து நிமிடம் கணக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும், ஒரு நாளைக்கு ஐந்து கணக்கு, புள்ளிகளை மாதாமாதம் அனுப்ப வேண்டும் என்று அதில் இருந்தது. கூடாரத்துக்குத் தண்ணீர் அனுப்ப முடியாதவர்களுக்குக் கணக்கு அனுப்ப முடிந்திருந்தது. ஹாஜறா சொன்னபடி செய்தார். கிறாஅத் ஓதி முடியும், பிள்ளைகள் உட்காருவார்கள், ஐந்து கணக்கைக் கரும்பலகையில் எழுதுவார். மூன்று கூட்டல், இரண்டு கழித்தல். கழித்தலுக்குப் பிள்ளைகள் முதல் எண்ணையே திரும்ப எழுதினார்கள். அவர் அதைச் சரியென்று போட்டார்.

கணித ஆலோசகராக இருந்த ஸலாஹுதீன், அனுப்பிய தாள்களில் அதைப் பார்த்துவிட்டுத்தான் நேரில் வந்தார். சப்பாத்தில் மண் படாமல் நடக்கிற மனிதர். முன்வரிசையில் இருந்த றுஸ்னாவை எழுப்பி, ஒன்பது சோடா மூடிகளை வைத்து, நாலை எடுக்கச் சொன்னார். எடுத்தாள். எத்தனை என்று கேட்டார்.

“ஒம்பது இரிக்கி சேர்.”

தானே எடுத்தார். ஒன்பது இருந்தது. சட்டைப் பைக்குள் நாலைப் போட்டுக்கொண்டு வெளியே போய்ப் பார்த்தார். பை வெறுமையாக இருந்தது. உள்ளே வந்து, வியர்வையைத் துடைத்துக்கொண்டு, கற்பித்தல் முறையில் பிழை இருப்பதாகச் சொன்னார். இனி ஐந்தும் கழித்தலாக இருக்க வேண்டும் என்று எழுதிவைத்துவிட்டுப் போனார். வகுப்பு பின்தங்கிய வகுப்புகளின் வரிசையில் சேர்ந்தது. அதன் பிறகு தினமும் ஐந்து கழித்தல் நடந்தது, தினமும் ஒன்றும் குறையவில்லை.

அடுத்த வருடம் வேறொரு விஷயம் வெளிச்சத்துக்கு வந்தது. கடலோரத்தில் யாரும் வீடு கட்டக்கூடாதென்று கயிறு பிடித்து அளந்து மீனவர்களைத் துரத்தியிருந்தார்கள். அதே கயிற்றுக்குள், பள்ளிக்கூடக் காணியில், உல்லாசப் பயணிகளுக்கு ஒரு விடுதி கட்டுவதற்கு யாரோ வரைபடம் வைத்திருந்தார்கள். இருபது பிள்ளைக்குக் குறைந்த வகுப்பை மூடலாம் என்றொரு விதி தேடி எடுக்கப்பட்டது. இந்த வகுப்பு மூடப்பட்டால் மற்ற வகுப்புகளும் ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். ஸலாஹுதீன் பேனையோடு வந்தார். நாற்பதிலிருந்து இல்லாத பிள்ளைகளைக் கழித்தார். நாற்பது வந்தது. கொட்டிலுக்கு வெளியே நின்று கழித்தார். நாற்பது வந்தது. கல்முனைக்குத் திரும்பிப்போய்க் கந்தோர் மின்விசிறிக்குக் கீழே இருந்து கழித்தபோதும் அந்த வகுப்புக்கு நாற்பதே வந்தது.

ஆனால் அவர் முட்டாள் இல்லை. மூன்றாம் தரம் வந்தபோது கழிக்காமல் ஒன்று, இரண்டு என்று தலையைத் தொட்டு எண்ணினார். அது கூட்டல், கூட்டல் ஒழுங்காக வேலை செய்தது. பதினெட்டு வந்தது. ஹாஜறாவின் முகம் அன்றுதான் முதல் தடவையாக வெளிறியது. மறுநாள் ஒரு லொறி வந்தது. ஆட்கள் மேசை கதிரைகளை ஏற்றினார்கள், ஏற்ற ஏற்றக் கொட்டிலுக்குள் மேசை கதிரைகள் இருந்தன. லொறி நிறைந்து, படலையைத் தாண்டியதும் ஒன்றுமில்லாமல் ஓடியது. பிள்ளைகளை வேறு பள்ளிக்கூடத்துக்கு மாற்றுவதற்காக ஒவ்வொருவராகக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார்கள். படலையில் அவர்களின் கை காற்றைப் பிடித்திருந்தது. பிள்ளை தன் இடத்தில் இருந்து ஐந்தாவது கணக்கைச் செய்துகொண்டிருந்தது. வீட்டுக்குப் போகும்போது அப்படி நடப்பதில்லை. வீட்டுக்குப் போவது கழித்தல் ஆகாதென்று பிள்ளைகளுக்குத் தெரியும்.

றுஸ்னாவின் வாப்பா மீராசா, தோணியை இழந்து, மற்றவர்களின் வலையில் கூலிக்குப் போகிறவர், அன்று படலையில் நின்றார். மனைவியையும் மூத்த இரண்டு பேரையும் கடலுக்குக் கொடுத்தவர்.

“சேர், கடல் ஒருக்கா கழிச்சிட்டுப் போச்சு,” என்றார். “நீங்க ரெண்டாந்தரம் கழிக்க வந்திரிக்கீங்க. கடலுக்காவது கண்ணில்ல.”

ஸலாஹுதீன் தன் காலைப் பார்த்தார். சப்பாத்தில் மண் பட்டிருந்தது. விடுதி வரைபடம் தெற்கே ஒலுவில் ஊர்ப் பக்கம் எங்கோ போனதென்று கேள்வி.

இப்படியாக வகுப்பு இரண்டாம் தரத்துக்கும் மூன்றாம் தரத்துக்கும் ஏறியது. நாற்பது பேரும் ஏறினார்கள். ஆனால் ஐந்தாம் தரத்தில் புலமைப்பரிசில் பரீட்சை இருந்தது, அதில் கழித்தல் இருந்தது. றோட்டுக்கு மறுபக்கம் தமிழ்ப் பள்ளிக்கூடம். அங்கே கணக்குப் படிப்பித்த நல்லரெத்தினம் மாஸ்டரிடம் ஹாஜறா போய்க் கேட்டார். அன்றிலிருந்து காலையில் பத்து நிமிடம் அந்த வகுப்பு வரிசையாக றோட்டைக் கடந்து, அங்கே நின்றுகொண்டே ஐந்து கழித்தலைச் செய்துவிட்டுத் திரும்பியது. மாஸ்டரின் கொட்டிலில் எட்டிலிருந்து மூன்று போனால் ஐந்து வந்தது. பிள்ளைகள் அதை ஒரு வித்தை பார்ப்பதுபோல் பார்த்தார்கள். எங்கட புள்ளைகளை எதற்கு அங்கே அனுப்புகிறீர்கள் என்று இந்தப் பக்கத்தில் சிலர் கேட்டார்கள், அவர்களை எதற்கு உள்ளே எடுக்கிறீர்கள் என்று அந்தப் பக்கத்தில் சிலர் கேட்டார்கள். கடையடைப்பு நாட்களில், சந்தியில் துவக்கோடு நின்றவர்கள் பெயர் கேட்ட நாட்களில், வரிசை கடக்கவில்லை. மாஸ்டர் பகிடிக்காரர். கூட்டுறதை அங்க படிச்சுக் கழிக்கிறதை இங்க படிக்கிறீங்கள், பெருக்கலுக்குச் சிங்களப் பள்ளிக்கூடம் தேடி அம்பாறைக்கோ போகப் போறீங்கள் என்று பிள்ளைகளிடம் கேட்பார். அவருடைய மகன் சுதன் வன்னியில் இருந்தான். எப்படிப் போனான், தானாகப் போனானா என்பதை அவர் யாரிடமும் சொல்லவில்லை, யாரும் கேட்கவுமில்லை.

இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டு மே மாதம் யுத்தம் முடிந்ததென்று வானொலி சொன்னது. சந்தியில் பாற்சோறு கொடுத்தார்கள், வெடி கொளுத்தினார்கள், கடைகளில் கொடி கட்டச் சொன்னார்கள். பாற்சோற்றை வாங்காமல் போனவர்களை யாரோ பார்த்து வைத்துக்கொண்டார்கள். மறுநாள் காலை வகுப்பு வழக்கம்போல் றோட்டைக் கடக்கப் போனபோது மாஸ்டர் தன் படலைக்கு வெளியே நின்றார். சவரம் செய்திருந்தார், சட்டையை அழுத்திப் போட்டிருந்தார்.

“புள்ளைகளைத் திருப்பிக் கூட்டிட்டுப் போங்க டீச்சர். எங்கடயிலயும் நிண்டு போட்டுது.”

ஹாஜறா பிள்ளைகளை ஓரமாக நிற்கச் சொன்னார்.

“சுதன்?”

“ஒம்பதில நாலு போனா ஒம்பது எண்டு சொல்லுதுகள்,” என்றார் மாஸ்டர். “நானும் ஓம் எண்டுட்டன்.”

சில வாரங்கள் கழித்து அந்தப் பக்கத்துக்கும் அரசாங்க ஆட்கள் வந்தார்கள். காணாமல் போனவர்களுக்கு மரணச் சான்றிதழ் தருகிறோம், காணவில்லை என்று சொல்வதை விடுங்கள், கணக்கு முடியட்டும் என்றார்கள். எங்கே வைத்து, யார் கையால், எப்போது என்று கேட்டவர்களிடம் கையெழுத்துப் போடக் கடதாசியை நீட்டினார்கள். அந்தக் கேள்விக்குக் கடதாசியில் இடம் இருக்கவில்லை. மாஸ்டர் அவர்களை வகுப்புக்குள் கூட்டிப்போய்ச் சோடா மூடிகளைக் காட்டினார். அவர்கள் கழித்துப் பார்த்தார்கள். பிறகு சேறு பூசிய வாகனத்தில் ஏறிப் போனார்கள்.

ஓகஸ்டில் பரீட்சை வந்தது. இரண்டு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் ஒரே மண்டபத்தில் எழுதினார்கள். எங்கெங்கே கழித்தல் வந்ததோ அங்கெல்லாம் முதல் எண்ணையே எழுதினார்கள். றுஸ்னாவுக்குச் சரியான விடை மனதில் இருந்தது. மாஸ்டர் அவ்வளவு நன்றாகப் படிப்பித்திருந்தார். பேனைதான் அதை எழுதவில்லை. கொழும்பில் அவற்றையெல்லாம் பிழையென்று வெட்டினார்கள். ஒருவரும் சித்தியடையவில்லை. கரையோரப் பிள்ளைகளுக்குக் கணித அறிவு குறைவென்று ஒரு பத்திரிகை எழுதியது. இனித் தினமும் இருபது நிமிடம் பயிற்சி கொடுக்க வேண்டும் என்று அடுத்த சுற்றுநிருபம் வந்தது.

டிசம்பரில் ஹாஜறா நாற்பது விடுகைப் பத்திரங்களை எழுதி எடுத்துக்கொண்டு கந்தோருக்குப் போனார். கந்தோர்க் கையெழுத்து இல்லாமல் பெரிய பள்ளிக்கூடம் ஆறாம் தரத்துக்கு எடுக்காது. ஸலாஹுதீன் இப்போது அங்கே மேலதிகாரி, தலை நரைத்திருந்தது. ஒவ்வொன்றாகக் கையெழுத்து வைத்துக்கொண்டு வந்தவர் சபூறாவின் பத்திரத்தில் நிறுத்தினார். நடத்தை: நன்று. கணிதம்: நன்று. வரவு: திருப்தி.

“இந்தப் புள்ளைகளை எங்க அனுப்பப் போறீங்க டீச்சர்?”

“ஆறாம் வகுப்புக்கு.”

“வராட்டி?”

“வராட்டி நீங்க தேடுங்க. அஞ்சு வருஷமா நான்தானே தேடுறன்.”

அடுத்த அறையில் யாரோ தட்டச்சு அடித்துக்கொண்டிருந்தார்கள். ஸலாஹுதீன் சபூறாவுக்கும் கையெழுத்து வைத்தார், அவளுக்குப் பிறகிருந்தவர்களுக்கும் வைத்தார். ஹாஜறா நன்றி சொல்லவில்லை. பத்திரங்களை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார்.

ஜனவரியில் கல்முனையிலுள்ள பெரிய பள்ளிக்கூடத்தில் ஆறாம் தரத்துக்கு நாற்பது மேசை கதிரை போட்டார்கள். பதினெட்டுப் பேர் வந்து, நடுவில் இடம் விட்டு விட்டு உட்கார்ந்தார்கள். கணக்குப் படிப்பிக்க வந்தவர் மலையகத்திலிருந்து மாற்றலாகி வந்த இளைஞர், இந்தப் பக்கத்தை அறியாதவர். இடாப்பைக் கூப்பிட்டு முடித்து, ஒரு கழித்தலைக் கரும்பலகையில் எழுதி, விடையைக் கேட்டார். வகுப்பு சொன்னது. அவரே செய்து பார்த்தார். இரண்டாம் தரமும் செய்து பார்த்தார். பிறகு ஆசிரியர் அறைக்குப் போய் ஒரு கோப்பை பிளேன்டீ குடித்துவிட்டு வந்து, கரும்பலகையைத் துடைத்து, பின்னங்களைத் தொடங்கினார்.