வலது குதிக்கால்

அன்ரனிட்டா தன் கொப்பியில் ஒவ்வொரு நாளும் இரண்டு நிரல்கள் கீறுவாள். இடப்பக்க நிரலுக்கு மேலே ‘நான்’ என்று எழுதுவாள். வலப்பக்க நிரலுக்கு மேலே ‘சு’ என்று மட்டும். சுலோஜனா என்று முழுப்பெயரையும் எழுத அவளுக்கு மனம் வந்ததில்லை.

கொப்பி உண்மையில் ஆங்கில வகுப்புக்கானது. யாழ்ப்பாணத்தில் மாலை ஐந்தரைக்குத் தொடங்கும் அந்த வகுப்பில் கேதீஸ்வரி ரீச்சர் எல்லோரையும் நாளுக்கொரு பக்கம் நாட்குறிப்பு எழுதச் சொல்லியிருந்தார். முதலில் தமிழில் எழுதிவிட்டுப் பிறகு ஆங்கிலமாக்க வேண்டும். “நினைச்சதை எழுத வேண்டாம், கண்டதை எழுதுங்கோ” என்பது அவருடைய சட்டம். அன்ரனிட்டாவும் கண்டதைத்தான் எழுதினாள். இரண்டு மாதமாக அவள் கண்டதெல்லாம் சுலோஜனாவின் பந்து போய் விழுந்த தூரம்தான்.

இருவரும் மண்டைதீவுக் கரையில் இருந்த சிறிய விடுதியொன்றில் வேலை செய்தார்கள். விடுதியைக் கட்டிய கோபிசங்கர் முப்பது வருடம் கனடாவில் இருந்துவிட்டு வந்தவர். கோல்ஃப் பைத்தியம். விடுதியின் பின்பக்க மணல்வெளியில் பந்து அடித்துப் பழக ஓர் இடம் அமைத்திருந்தார். இருபத்தைந்து மீற்றருக்கு ஒன்றாகச் சிவப்புக் கொடிகள். பந்து கடலுக்குப் போகாமல் நூற்றுநாற்பதாவது மீற்றரில் பழைய மீன்வலைகளைத் தைத்து உயரமாகக் கட்டிய வேலி. விருந்தினர்கள் நின்று அடிக்கப் பச்சை விரிப்பு உண்டு. அது கிழிந்துவிடக் கூடாதென்று இந்த இருவரும் பக்கத்தில் வெறும் மணலில் நின்று பழகினார்கள்.

ஒரு திங்கட்கிழமை காலை கோபிசங்கர் இருவரையும் கூப்பிட்டுச் சொன்னார்: “நுவரெலியாவில மூண்டு மாசக் கோல்ஃப் பயிற்சி. ஒராளைத்தான் அனுப்பலாம். படிச்சிட்டு வந்தா உந்த இடம் முழுக்க அவரின்ர பொறுப்பு. வாறாக்களுக்குப் பழக்கிறதும் அவர்தான். ஞாயிற்றுக்கிழமை ரெண்டு பேரையும் அடிக்க விட்டுப் பாப்பன்.”

அந்த வேலை தன்னுடையது என்று அன்ரனிட்டா எப்போதோ முடிவு செய்திருந்தாள். விடுதிக்கு முதலில் வந்தவள் அவள். பதினான்கு மட்டைகளின் பெயரும் அவளுக்குப் பாடம். கட்டில் விரிப்பு மடிப்பதிலிருந்து தப்ப அவளுக்குத் தெரிந்த ஒரே வழி அந்த வேலைதான். சுலோஜனா வந்தது மூன்று மாதம் கழித்து. மட்டைகளின் பெயர் இன்றைக்கும் தெரியாது. “அந்தத் தடிச்சதைத் தா”, “இந்த மூக்கு வளைஞ்சதைத் தா” என்பாள். ஆனால் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு மணலில் நின்று ஒரு வீச்சு வீசினாள் என்றால் பந்து நூறு மீற்றர்க் கொடியைத் தாண்டித்தான் விழும். அன்ரனிட்டாவின் பந்து எண்பதைத் தாண்டியதில்லை.

போதாததற்குச் சுலோஜனா புங்குடுதீவு, மடத்துவெளி. கோபிசங்கரின் ஊரும் புங்குடுதீவு. அவர் சுலோஜனாவோடு கதைக்கும்போது குரல் கொஞ்சம் இளகுகிறதா என்று அன்ரனிட்டா காதைக் கொடுத்துக் கேட்பாள். இளகுவது போலவும் இருந்தது, இல்லைப் போலவும் இருந்தது. அதையும் குறித்து வைத்தாள், பக்கத்தில் ஒரு கேள்விக்குறியோடு.

“காலைப் பாவியும் பிள்ளை,” என்று கோபிசங்கர் அவளுக்கு எத்தனையோ தரம் சொல்லியிருந்தார். “கையால அடிக்கிறீர். பலம் நிலத்திலயிருந்து காலுக்கு வந்து, காலிலயிருந்து இடுப்புக்கு வந்து, பிறகுதான் கைக்கு வரவேணும்.” அன்ரனிட்டா அதை வரி தவறாமல் எழுதிக்கொண்டாள். எழுதியது கையில் இருந்தது. காலுக்குப் போய்ச் சேரவில்லை.

செவ்வாய் மத்தியானம், ஆட்கள் இல்லாத நேரம், அவள் கொப்பியில் கோடு கீறும் அடிமட்டத்தோடு மணல்வெளிக்குப் போனாள். காலையில் இருவரும் நின்று அடித்த தடங்கள் அப்படியே கிடந்தன. அவளுடைய இரண்டு பாதங்களும் அச்சில் வார்த்தது போல இருந்தன. குதி, விரல், விளிம்பு எல்லாம் துப்புரவாக. அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது. சுலோஜனா நின்ற இடமோ கோழி கிண்டியது போல. இடது பாதம் குதியில் ஆழமாக அழுந்தி வெளிப்பக்கம் திரும்பியிருந்தது. வலது பாதத்துக்குக் குதித்தடமே இல்லை. பெருவிரல் இருந்த இடத்தில் மட்டும் ஒரு குழி. குழிக்குள் அடிமட்டத்தை விட்டுப் பார்த்தாள். நான்கு சென்ரிமீற்றர்.

குழியைப் பார்த்துக்கொண்டு குந்தியிருந்தபோதுதான் அவளுக்கு விளங்கியது. மட்டை பின்னுக்குப் போகும்போது சுலோஜனா வலது காலில் பாரத்தை வாங்குகிறாள். கீழே வரும்போது இடது காலை நிலத்தில் ஊன்றி, வலது காலால் நிலத்தை உதைத்துத் தள்ளுகிறாள். குதி தானாக எழும்புகிறது. தன்னுடையது எழும்புவதேயில்லை.

ஏன் எழும்புவதில்லை என்பதும் அவளுக்குத் தெரிந்தது. ஒன்பது வயதிலிருந்து அப்பா பஸ்ரியாம்பிள்ளையோடு நண்டு வலை எடுக்கப் போனவள் அவள். வள்ளத்தில் எழும்பி நின்றால் பாதம் இரண்டும் பலகையில் ஒட்டியிருக்க வேண்டும். “நீ சாய்ஞ்சா வள்ளமும் சாயும்” என்று சொல்லி, கால் அசைந்தால் அப்பா கம்பால் முழங்காலில் ஒரு தட்டுத் தட்டுவார். அந்தக் கால்கள் இன்னும் வள்ளத்தில்தான் நின்றன.

எழும்பி நின்று, குதியைத் தூக்கி ஒரு பந்தை அடித்துப் பார்த்தாள். உடம்பு தள்ளாடியது. பந்து பக்கவாட்டில் செவ்வரத்தைப் பற்றைக்குள் போய் விழுந்தது. இன்னும் ஆறு பந்து. ஆறும் அப்படித்தான்.

தன்னுடைய குதி எழும்பாது என்றால், சுலோஜனாவின் குதி கீழே இறங்க வேண்டும். அந்த நினைப்பு எங்கிருந்து வந்தது என்று அவளுக்குத் தெரியாது. ஆனால் வந்த பிறகு போகவில்லை. அன்றைய பக்கத்தில் ‘சு மணலைக் கிண்டுகிறாள்’ என்று மட்டும் எழுதினாள். கண்டதைத்தானே எழுதச் சொன்னார்கள்.

புதன்கிழமை காலை தோய்த்த விரிப்புகளைக் காயக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தபோது சொன்னாள்.

“சுலோ, அடிக்கேக்க உன்ர வலது குதி எழும்பி ஆடுது. பாக்க வடிவில்லை.”

“ஆர், கோபி அண்ணை சொன்னவரே?”

“அவர் சொல்லேல்லை. நான் கண்டனான். குறிச்சும் வச்சிருக்கிறன்.”

கொப்பியை எடுத்துக் காட்டினாள். நான்கு சென்ரிமீற்றர் என்று எழுதி, பாதத்தின் படமும் கீறியிருந்தது. சுலோஜனா ஈரக் கையைச் சட்டையில் துடைத்துவிட்டு வாங்கிப் பார்த்தாள்.

“ஐயோ, என்ர காலே உது? பேய்க் கால் மாதிரிக் கிடக்கு!” என்று சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தினாள். “நீ கீறி அளந்து வச்சிருக்கிறாய் எண்டா சரியாத்தான் இருக்கும். நான் என்னத்தைக் கண்டன், கண்ணை மூடிக்கொண்டு விளாசிறன். இப்ப என்ன செய்ய?”

“வள்ளத்தில நிண்ட மாதிரி நில். கால் அசையக் கூடாது.”

“நான் வள்ளத்தில ஏறினா தலை சுத்திச் சத்தியெல்லோ எடுக்கிறனான். வா, வந்து பிடி.”

“எதைப் பிடிக்க?”

“குதியைத்தான். எழும்பினா அமத்து.”

விரிப்புகளைப் போட்டு முடித்ததும் அன்ரனிட்டா மணலில் முழந்தாளிட்டு, சுலோஜனாவின் வலது குதியை உள்ளங்கையால் அமர்த்திப் பிடித்தாள். சுலோஜனா வீசினாள். அந்தக் கணத்தில் குதி அவளுடைய கையைத் தள்ளிக்கொண்டு எழும்பப் பார்த்தது. பிடித்த ஆட்டுக்குட்டி உதறுவதுபோல ஒரு பலம். அன்ரனிட்டா மற்றக் கையையும் போட்டு அமர்த்தினாள். பந்து எழுபதில் விழுந்தது.

“நல்லா நிண்டனானே?” என்றாள் சுலோஜனா.

“ஓம்,” என்றாள் அன்ரனிட்டா. “இப்பதான் வடிவு.”

வியாழன், எழுபத்திரண்டு. வெள்ளி, அறுபத்தெட்டு. சனி, அறுபத்தாறு. முதன்முதலாக ‘நான்’ நிரலில் இருந்த எண் பெரிதாக இருந்தது. பஸ்ஸில் வகுப்புக்குப் போகும் வழியில் அந்தப் பக்கத்தைத் திரும்பத் திரும்பத் திறந்து பார்த்தாள். சந்தோசமாக இருக்கிறதா என்று தன்னையே சோதித்தாள். சந்தோசம்தான். ஆனால் உள்ளங்கையில் அந்த உதறல் இன்னும் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயப் பூசை முடிந்து அவள் ஓடிவந்து சேர, கோபிசங்கர் நீள நாடாவோடு நின்றார். ஆளுக்கு மூன்று பந்து, ஏழாம் நம்பர் மட்டை. அன்ரனிட்டா முதலில். எழுபத்தெட்டு, எண்பது, எழுபத்தொன்பது. ஒரே மாதிரி, ஒழுங்காக. கோபிசங்கர் தலையாட்டினார்.

சுலோஜனா செருப்பைக் கழற்றினாள். பாதங்களை மணலில் அழுத்தி ஊன்றினாள். ஆணி அடித்தது போல நின்று வீசினாள். அறுபத்தைந்து. அடுத்தது அறுபத்தொன்று.

“உமக்கு என்ன பிள்ளை நடந்தது?” என்றார் கோபிசங்கர். “போன கிழமை நூற்றிருபது அடிச்ச ஆளெல்லோ நீர்?”

“தெரியேல்லை அண்ணை,” என்றாள் சுலோஜனா. அன்ரனிட்டாவை அவள் பார்க்கவில்லை. சுலோஜனாவின் காதுமடல் சிவந்திருந்தது.

கோபிசங்கர் அன்ரனிட்டாவிடம் திரும்பினார். “சரி, நீர் சொல்லும். நாளைக்கு ஒரு விருந்தாளி வந்து இப்பிடி அடிச்சா என்ன பிழையெண்டு சொல்லுவீர்? கொப்பி முழுக்க எழுதிறீரெல்லோ.”

தெரியாது என்று சொன்னால் போதும். நுவரெலியா தனக்குத்தான். அன்ரனிட்டா வாயைத் திறந்தாள். ஆனால் அறுபத்தொன்று என்ற எண் அவளுக்கு அருவருப்பாக இருந்தது. இரண்டு மாதமாக அவள் பொறாமைப்பட்டது அறுபத்தொன்றைப் பார்த்து அல்ல. அதை வென்று என்ன காண? அதோடு, தனக்கு எல்லாம் தெரியும் என்பதை ஒருவருக்கும் காட்டாமல் எப்படிப் போவது?

“வலது குதி எழும்பவேணும்,” என்றாள். “பெருவிரலால நிலத்தைத் தள்ளவேணும். முந்தி அவ அப்பிடித்தான் அடிச்சவ. நான்தான் அதைப் பிழையெண்டு சொன்னனான்.”

“தெரிஞ்சுகொண்டோ?”

“ஓம் அண்ணை.”

கோபிசங்கர் சுலோஜனாவுக்குக் கையைக் காட்டினார். மூன்றாவது பந்து. அவள் கண்ணை மூடினாளோ என்னவோ, ஒரு விளாசு. வலது குதி எழும்பி, மணல் தெறித்து, உடம்பு முழுவதும் இடது காலுக்கு மேல் திரும்பி நின்றது. பந்து நூற்றிருபத்தைந்துக் கொடிக்கு அப்பால் விழுந்து உருண்டு நின்றது. நாடா நூற்று முப்பத்தொன்று என்று சொன்னது.

“நுவரெலியாவுக்குச் சுலோஜனா போகட்டும்,” என்றார் கோபிசங்கர். பிறகு அன்ரனிட்டாவைப் பார்த்தார். “உம்மட கண் நல்ல கண், பிள்ளை. ஆனா கண்டதை மாத்திச் சொல்லுற ஆளிட்ட ஆக்களைப் பழக்க விட ஏலாது.”

அவர் உள்ளே போன பிறகு சுலோஜனா செருப்பை உதறிக் காலில் கொளுவினாள்.

“எனக்கு வியாழக்கிழமையே சந்தேகம்,” என்றாள். “கேக்க யோசிச்சனான்.”

“பிறகேன் கேக்கேல்லை?”

“நீ நாலு சென்ரிமீற்றர் எண்டு எழுதினனியெல்லோ. பொய் சொல்லுற ஆள் ஏன் அடிமட்டம் வச்சு அளக்கப் போகுது எண்டு நினைச்சன்.” கொஞ்சம் நின்று, “விசரி,” என்று சேர்த்துவிட்டுப் போனாள். கோபமா பகிடியா என்று அன்ரனிட்டாவால் பிரிக்க முடியவில்லை.

அவள் மட்டும் நின்றாள். சுலோஜனாவின் தடங்கள் முன்னால் கிடந்தன. செருப்பைக் கழற்றிவிட்டு அந்தத் தடங்களுக்குள் தன் பாதங்களை வைத்தாள். வலது பெருவிரல் அந்தக் குழிக்குள் இறங்கியது. வள்ளத்தில் நிற்கும்போது கால் அசையக் கூடாதுதான். ஆனால் கரை வந்ததும் பலகையை உதைத்துக் குதிப்பாளே, அப்போது அப்பா ஒருநாளும் தட்டியதில்லை.

மட்டையால் ஒரு பந்தை முன்னால் இழுத்து வைத்து, கரைக்குக் குதிப்பதாக நினைத்து வீசினாள்.

பந்து போன சத்தமே வேறாக இருந்தது. அவள் ஓடினாள். சுலோஜனாவின் மூன்றாவது பந்தை இன்னும் ஒருவரும் பொறுக்கவில்லை. அதைத் தாண்டி, வலைவேலியின் அடியில் அவளுடையது கிடந்தது. ஒன்றிலிருந்து மற்றதுக்குக் காலடி வைத்து எண்ணினாள். பதினொன்று. எண்ணியதில் நம்பிக்கை வரவில்லை. ஆசையில் அடியைக் குறுக்கி வைத்திருப்பேனோ? திரும்பிப் போய் மறுபடி எண்ணினாள். ஒன்பது.

விடுதிப் பக்கம் பார்த்தாள். யன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன.

மணலில் குந்தி, கொப்பியைத் திறந்து, ‘நான்’ என்ற நிரலில் ‘சு-வை விட ஒன்பது காலடி கூட’ என்று எழுதினாள். பேனையை மூடப்போனவள் மறுபடி திறந்து, அதற்குக் கீழே சின்ன எழுத்தில் ‘சாட்சி இல்லை’ என்று சேர்த்தாள்.