பாண்டிசெல்வியின் தண்டவாளம்

1

உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் போகும் பஸ்ஸில் சண்டை போட்டு ஜன்னலோர சீட் பிடித்தேன். வெளியே ஒரு தண்டவாளம் நெடுக வெள்ளைத் துணி காய்ந்துகொண்டிருந்தது. அவ்வளவுதான் நான் பார்த்தது. மீதியெல்லாம் புளுகு.

2

‘மேற்கே மலை நீலமாக…’

(வேண்டாம். எல்லார் கதையிலும் மலை நீலம்தான்.)

மூடிய மில் ஒன்றுக்குப் போகும் தண்டவாளம் அது. இருபது வருடமாக வண்டி ஓடவில்லை. மில்லை மறுபடி திறக்கப் போகிறார்கள். சரக்கு வண்டி விடலாமா என்று பார்த்து எழுத வந்தவன் செல்வின். துருவை எதிர்பார்த்து வந்தவனுக்குத் தண்டவாளம் பளபளவென்று மின்னியதில் தலை சுற்றியது. அதன்மேல் பேண்டேஜ் துணி காயப்போடுகிறவள் பாண்டிசெல்வி; துணியில் கறை படக் கூடாதென்று தண்டவாளத்தைத் தினமும் புளி போட்டுத் தேய்க்கிறாள்.

(இரும்புக்குப் புளியா என்று கேட்பவர்கள் அவளிடமே கேட்டுக்கொள்ளவும். நான் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன்.)

3

ஓரிடத்தில் மட்டும் தண்டவாளம் ஒரு அங்குலம் இறங்கியிருந்தது. அவள் பிழைப்பை நினைத்து செல்வினுக்கு மனம் இளகிவிட்டது.

“அக்கா, இது ஒண்ணு போதும். லாயக்கில்லன்னு எழுதிட்டுப் போறேன். வண்டி வராது. நீங்க பாட்டுக்குத் துணி காயப்போடுங்க.”

அவள் கையெடுத்துக் கும்பிடுவதாகத்தான் எழுதியிருந்தேன். அந்த வரியை அடிக்க வேண்டியதாயிற்று.

“எது லாயக்கில்ல? எம்புட்டு வருசமாப் பாத்துப் பாத்து வச்சிருக்கேன்! நாளைக்கு வந்து அளங்க சார்.”

மறுநாள் காலை அவன் வருவதற்குள், உடன் வேலை பார்க்கும் ஆறு பெண்களோடு கடப்பாரை போட்டு நெம்பி, அடியில் ஜல்லி இடித்து, மட்டத்தைத் தூக்கிவிட்டாள். செல்வின் மூன்று முறை அளந்தான். நூல் பிசகவில்லை.

“நல்லாருக்குன்னு எழுதுனா வண்டி வந்துரும்க்கா. துணி போட வேற எடம் இருக்கா?”

“இல்ல.”

4

முடிவு ஒன்று: அவன் பொய் எழுதுகிறான். (அவள் விடமாட்டாள்.)

முடிவு இரண்டு: உண்மையை எழுதுகிறான். (அந்த ஆறு பேருக்கு நான் என்ன பதில் சொல்ல?)

முடிவு மூன்று: திடீரென்று மில் முதலாளிக்கு… சே.

எனக்கு அவள்மேல் கோபம்தான். ஒரே ஒரு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தால் பிழைத்திருப்பாள்.

செல்வின் பேனாவைத் திறக்கிறான், மூடுகிறான்.

“எழுதுங்க சார்,” என்கிறாள். “நா பாத்த வேலைய இதுவரைக்கும் யாரும் நல்லாருக்குன்னு எழுதுனதில்ல.”

இதற்குமேல் எனக்குக் கை ஓடவில்லை. செல்வினின் படிவத்தில் ஒரு கட்டம்தான் காலி. நீங்களே பேனாவைப் பிடியுங்கள். எதை எழுதினாலும் பார்த்து எழுதுங்கள். அவளுக்கு வாசிக்கத் தெரியும்.