நிற்காத மருந்து

கழிப்பறைக்குள் கணவர் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டதும் டிரைவரின் மனைவி கடிகாரத்தைப் பார்த்தாள். மருந்து ஏற்றி அரை மணிகூட ஆகவில்லை. இரண்டு மணி நேரம் சிறுநீரை அடக்கி வைக்க வேண்டும் என்று நர்ஸ் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். மற்ற வாரங்களில் மனிதர் இவளை ஆஸ்பத்திரி அறை வாசலோடு நிறுத்திவிடுவார். இன்றுதான் பிடிவாதமாக உள்ளே வந்திருந்தாள்.

எத்தனை தூரம் பஸ் ஓட்டினாலும் ஒன்றுக்குப் போகக்கூட வண்டியை நிறுத்தியதில்லை என்று மார்தட்டிய ஆசாமி. அவருக்குப் போய் சிறுநீர்ப்பையில் புற்று. ஆரம்பக் கட்டம்தான், உள்தோலைத் தாண்டித் தசைக்குள் இறங்கவில்லை. இந்தப் புற்றுக்கு வழக்கமாகக் கொடுக்கும் காசநோய்த் தடுப்பு மருந்தைப் பைக்குள் செலுத்திப் பார்த்தார்கள். கட்டி மறுபடியும் தலைகாட்டியது. பையையே எடுத்துவிடலாம் என்றார் டாக்டர். அப்போதுதான் ஆராய்ச்சியில் இருக்கும் இந்தப் புது மருந்து கிடைத்தது. வாரம் ஒருமுறை குழாய் வழியே ஏற்றி, கடைசியில் கேமரா விட்டுப் பார்ப்பார்கள். கட்டி இல்லையென்றால் பை தப்பும். இருந்தால் கத்திதான். இன்று கடைசித் தவணை.

வெளியே வந்தவர், "உன் காதுல எதுவும் விழல," என்றார். சொன்னால் நேரே ஆபரேஷனுக்குத் தள்ளிவிடுவார்களாம். அவளுக்கும் அதே பயம். மெல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை.

நேரம் முடிந்து நர்ஸ் வந்து விசாரித்தாள். டிரைவருக்கு இதெல்லாம் ஜுஜுபி என்று வாயெல்லாம் பல்லாகச் சிரித்தார் மனிதர். அதைப் பார்த்ததும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உயிரைப் பணயம் வைத்துக்கொண்டு என்ன வீராப்பு வேண்டிக் கிடக்கிறது?

"பொய், சிஸ்டர். அரை மணிகூடத் தாங்கல."

அவர் எரித்துவிடுவதுபோல் பார்த்தார். டாக்டர் வந்தார். திட்டவில்லை. ஒரு தடவை தவறினால் பாதகமில்லை என்றார். அவளுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. மற்ற வாரங்களில் சரியாக இருந்ததா என்று போகிற போக்கில் கேட்டுவைத்தார்.

டிரைவர் தரையைப் பார்த்தார். "ஒரு தடவைகூட முடியல டாக்டர். சொன்னா வெட்டிருவீங்கன்னு..."

அவள் அவர் பக்கம் திரும்பினாள். அத்தனை மருந்தும் சாக்கடைக்கா போயிருக்கிறது?

டாக்டர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "சொல்லாம இருந்திருந்தாதான் வெட்டியிருப்பேன். மருந்து கேக்கலன்னு நெனச்சு."

பையின் துடிப்பை அடக்க மாத்திரை இருக்கிறது, முதல் வாரமே கொடுத்திருக்கலாம் என்றார். முதலிலிருந்து ஆரம்பிக்க ஆராய்ச்சிக் குழு சம்மதிக்குமா என்று கேட்கப் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

அறையில் இரண்டு பேர் மட்டும்.

"உயிர் போற மாதிரி வலிச்சுது," என்றார் அவராகவே. "உங்கிட்டச் சொல்லவே வெக்கமா இருந்துச்சு."

நோய் வந்த நாளாக வலி என்று அவர் வாயில் வந்ததே இல்லை. கோபமும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன அவளுக்கு. அவர் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

டாக்டர் திரும்பி வந்தார். குழு ஒத்துக்கொண்டதாம். மாத்திரை போட்டு மறுபடியும் ஆரம்பிக்கலாம், ஆனால் இனிமேல் எதையும் மறைக்கக் கூடாது என்றார்.

"வலிச்சா இவரு சொல்ல மாட்டாரு டாக்டர்," என்றாள் அவள். "நான் சொல்றேன்."