ஏழாம் பாகத்துக் குரல்

"பள்ளிக்கூட வேன் ஓட்டுற ஆளு, போயும் போயும் பேய்க்கா குரல் கொடுக்கணும்—"

"பேய் இல்ல பாட்ரீசியா, அது வேற கிரகத்து—"

"எந்தக் கிரகமா இருந்தா எனக்கென்ன? ஆறு வீட்டுலேருந்து மெசேஜ் வந்துருச்சு."

சின்னப்பன் சாவியைத் திருப்பினார். இருபது வருஷமாகத் தனியே ஓட்டிய வேனில் இன்றைக்கு மனைவியும் ஏறி உட்கார்ந்திருக்கிறாள்.

சின்னப்பன் குரல் கொடுத்தது, டுரியான் துங்கால் யுனிவர்சிட்டி கேம்பஸில் படிக்கும் பிரவின் எடுக்கிற இணையத் தொடருக்கு. நிலாவில் குடியேறிய ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை. ஏழாம் பாகத்தில் அப்பா வெளியே போன நேரம், கதவுக்கு அந்தப் பக்கம் ஏதோ ஒன்று வந்து அப்பாவின் குரலிலேயே கூப்பிடுகிறது: "கதவைத் திற கண்ணு, நேரமாச்சு." பிள்ளை திறந்துவிடுகிறது.

பிரவின் எழுதிக் கொடுத்தது 'கதவைத் திற' மட்டும்தான். மிச்சம் சின்னப்பன் வாயில் ஊறிப்போனது. தினமும் ஒவ்வொரு கேட் முன்னாலும் "வா கண்ணு, நேரமாச்சு" என்றுதான் கூப்பிடுவார்.

"எழுதினதை மட்டும் பேசியிருக்கலாம்ல?"

"அப்பா மாதிரி பேசுங்க அங்கிள்னான். வேற எப்படிப் பேசுறதாம்?"

பாட்ரீசியா பெருமூச்சு விட்டாள். "சரி, வாயத் திறக்காம ஓட்டுங்க. பிள்ளைங்கள நான் கூப்பிடுறேன். இல்லாட்டி காந்தன் வேனுக்கு மாத்திருவாங்களாம், பக்கத்து வீட்டு ஜெயமணி சொன்னா."

சின்னப்பன் வண்டியை எடுத்தார்.

முதல் வீட்டு ஜோனாஸ், புத்தகப் பையை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு ஏறினான். அவன் அம்மா பமேலா ஜன்னலோரம் வந்தாள். "நல்லாத்தான் பேசியிருந்தீங்கண்ணே, அதான்லா கஷ்டமே. மூணு நாளா இவன் பாத்ரூம் கதவச் சாத்த விடல."

சின்னப்பன் தலையை மட்டும் ஆட்டினார்.

அடுத்தடுத்த வீடுகளிலும் பாட்ரீசியாதான் கூப்பிட்டாள். பிள்ளைகள் ஏறினார்கள். ஆனால் யாரும் யாரோடும் பேசவில்லை. பாட்டு, அடிதடி, 'அங்கிள், இவன் கிள்ளுறான்' எதுவும் இல்லை. வேன் காலியாக ஓடுவது போலிருந்தது அவருக்கு.

கடைசி வீடு திவ்யதர்ஷினியுடையது. ஏழு வயது. அந்தப் பாகத்தைப் பார்த்து ரொம்ப அழுதது அவள்தான் என்று கேள்வி. பாட்ரீசியா ரெண்டு தரம் கூப்பிட்ட பிறகு வந்தாள். வேன் கதவை இழுத்துச் சாத்திவிட்டு, அவருக்குப் பின்னால் வழக்கமான இடத்தில் உட்கார்ந்தாள்.

கடைசியாக ஏறுகிறவள் அவள் என்பதால், "கதவு சாத்தியாச்சா கண்ணு?" என்று தினமும் கேட்பார். "சாத்தியாச்சு அங்கிள்" என்று அவள் சொன்ன பிறகுதான் வண்டியை எடுப்பார்.

இன்றைக்கும் கால் பிரேக்கிலேயே நின்றது. நாக்கு நுனி வரை வந்துவிட்டது. பாட்ரீசியா அவர் முழங்கையை அழுத்தினாள். அவர் ரோட்டைப் பார்த்தார்.

பின்னாலிருந்து சின்னக் குரல் வந்தது.

"அங்கிள், கதவு சாத்தியாச்சான்னு இன்னிக்கு நீங்க கேக்கவே இல்ல."