நிரந்தர முகவரி: மேற்படி

விடுதிக்கு உப காப்பாளராகச் சுபத்திரா வந்து எட்டு மாதம். அதற்குள் ஏழு முறைப்பாட்டுக் கடிதங்கள் கிடைத்திருந்தன. ஏழும் மொட்டைக் கடிதங்கள். எட்டாவதில் பெயர் இருந்தது. மாணவர் இலக்கமும் தொலைபேசி இலக்கமும் கூட இருந்தன. எழுதியவள் கடிதத்தைக் கொடுத்துவிட்டு ஓடிப் போகவுமில்லை. மேசைக்கு முன்னாலேயே நின்றாள்.

"வாசியுங்கோ மிஸ். நான் நிக்கிறன்."

உம்மு ஸல்மா, முதலாம் ஆண்டு, ஊர் மறிச்சுக்கட்டி. மன்னார்த் தீவில் புதிதாகத் திறந்த அந்தப் பல்கலைக்கழக வளாகத்தில், பெண்கள் விடுதிக்கான காத்திருப்போர் பட்டியலில் முதல் பெயர் அவளுடையது. கடிதத்தின் சாரம் இதுதான்: முப்பது கிலோமீற்றருக்குள் வீடு உள்ளவர்களுக்கு விடுதி இல்லை என்கிறது நாலாம் விதி. பன்னிரண்டாம் அறையில் இருக்கும் றொஷேலின் வீடு தாழ்வுபாட்டில். அதாவது ஆறு கிலோமீற்றரில். ஆகவே அவள் பொய்த் தகவல் கொடுத்து அறை எடுத்திருக்கிறாள்.

"நீர் அந்த வீட்டைப் பாத்தனீரா?" என்று கேட்டாள் சுபத்திரா.

"ஓம் மிஸ். போன மாதம் அவையின்ர கோயில் திருநாளுக்கு வகுப்பு முழுக்கக் கூப்பிட்டவ. நானும் போனனான். நல்ல கல்வீடு. ஓடு போட்டது. இருத்தி வைச்சு, கேக்கும் சோடாவும் தந்தவ." ஸல்மாவின் குரல் கொஞ்சம் இறங்கியது. "சாப்பிட்டுப்போட்டு வந்து எழுதுறாள் எண்டு நினைக்காதேங்கோ. எனக்கும் வெக்கமாத்தான் கிடக்கு. ஆனா நான் விடிய அஞ்சு மணிக்கு பஸ் ஏறுறன் மிஸ். வீட்ட போய்ச் சேர இருட்டிப்போகும். அவ நினைச்சா சைக்கிள்ல வரலாம்."

சுபத்திரா விண்ணப்பக் கோவையை எடுத்தாள். றொஷேலின் விண்ணப்பத்தில் தகப்பன் பெயர் எட்வேட். தற்போதைய முகவரி என்ற கட்டத்தில் 'கரைவலை வாடி, கொண்டச்சி' என்று இருந்தது. தூரம் ஐம்பதுக்கு மேல். கொண்டச்சிக் கிராம விதானையின் சான்றிதழும் முத்திரையும் சரியாக இருந்தன. நிரந்தர முகவரி என்ற கட்டத்தில் ஒரே ஒரு சொல்: மேற்படி.

"கொண்டச்சியோ?" ஸல்மா எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "அதால தானே மிஸ் நான் தினமும் போய் வாறன். அந்தக் கரையில வீடே இல்லை. வேணுமெண்டா வாங்கோ, கூட்டிக்கொண்டு போய்க் காட்டுறன்."

பின்னேரம் சுபத்திரா றொஷேலைக் கூப்பிட்டு விசாரித்தாள். ஒல்லியான பெண். தலைமுடியை இழுத்துக் கட்டியிருந்தாள். முகத்தில் பயம் இல்லை. அது சுபத்திராவுக்குப் பிடிக்கவில்லை.

"உம்மட வீடு எங்க?"

"கொண்டச்சி, மிஸ்."

"அப்ப தாழ்வுபாட்டில இருக்கிறது?"

"அதுவும் எங்கடதான்."

"அதை ஏன் எழுதேல்லை?"

"போம் நிரப்பேக்க நாங்க கொண்டச்சியில இருந்தனாங்கள்."

"நிரந்தரமாவோ?"

றொஷேல் யோசித்தாள். "சோளகக் காத்துத் துவங்கும் வரைக்கும் நிரந்தரந்தான் மிஸ்."

பகிடி விடுகிறாளோ என்று சுபத்திராவுக்குச் சந்தேகம். சுபத்திரா முருங்கன் பக்கத்து நெல்வயல்காரி. தகப்பன் பிறந்த வீட்டிலேயே அவளும் பிறந்தாள். எத்தனையோ விண்ணப்பங்களில் அந்த ஒரே முகவரியை யோசிக்காமல் எழுதியிருக்கிறாள். காற்றுக்கு ஏற்றபடி மாறுகிற நிரந்தரம் எதையும் அவள் கேள்விப்பட்டதில்லை.

"இது சிரிப்பு விசயமில்லை. பொய்த் தகவல் எண்டால் அறை போகும். படிப்பு முடியும் வரைக்கும் பிறகு விடுதியே கிடையாது. தெரியுமோ?"

இப்போதுதான் அந்த முகம் மாறியது. "அறை போனா நான் எங்க மிஸ் போறது? ஆறாம் வகுப்பில இருந்து நான் சிஸ்டர்மாற்ற போர்டிங்கில நிண்டு படிச்சனான். அது பள்ளிக்கூடப் பிள்ளையளுக்கு மட்டுந்தான். அம்மா வந்து அந்த வீட்டில என்னோட நிண்டா, வாடியில அப்பாவோட கரைவலை இழுக்கிற பதினாலு பேருக்குச் சமைக்க ஆளில்லை. படிப்பை விடு எண்டுதான் சொல்லுவினம்."

விடுதிக் காப்பாளர் கலாநிதி தில்லைநாதன் விதி என்றால் விதி என்று நிற்கிற மனிதர். கதையைக் கேட்டுவிட்டு மூக்குக்கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். "ரெண்டு இடத்துக்கும் நேரில போய்ப் பாருங்கோ. வெள்ளிக்கிழமை அறிக்கை என்ர மேசையில இருக்கோணும். கதை வேண்டாம். எங்க குடியிருக்கினம் எண்டு மட்டும் எழுதுங்கோ."

புதன்கிழமை சுபத்திரா ஓட்டோ பிடித்துத் தாழ்வுபாட்டுக்குப் போனாள். ஸல்மா சொன்னது பொய்யில்லை. நீல நிறம் அடித்த நல்ல கல்வீடு. கேற்றில் பெரிய ஆமைப்பூட்டு தொங்கியது. முற்றத்து மணலில் ஒரு காலடி கூட இல்லை. அடுத்த வளவில் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்தாள்.

"எட்வேட் ஆக்களையோ தேடுறீங்கள்? அவை இப்ப கிழக்குக் கரையில, கொக்கிளாயில எல்லோ வலை இழுக்கினம்."

"எப்ப வருவினம்?"

"ஐப்பசியில இந்தப் பக்கம் வருவினம். ஆனா இஞ்ச இல்லை, கொண்டச்சிக்கு. திருநாளுக்கு நாலு நாள், நத்தார்ப் பண்டிகைக்கு மூண்டு நாள் இஞ்ச நிப்பினம். நான்தான் இடைக்கிடை பூட்டுக்கு எண்ணெய் விடுறது. நீங்க ஆரு, பாங்கோ?"

பாங்க் இல்லை என்று சொல்லிவிட்டுத் திரும்பினாள்.

வியாழக்கிழமை மத்தியானம் ஸல்மாவோடு பஸ் ஏறினாள். ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேலாக வெயிலும் புழுதியும் யன்னலால் உள்ளே வந்தன. ஸல்மா வெற்றி பெற்றவள் போல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். தினமும் இதே கதிரையில் இருந்து பாடக் குறிப்பு எழுதுவதாகச் சொன்னாள். எழுத்துக் கோணல்மாணலாகக் குதித்து ஓடும் கொப்பியையும் காட்டினாள்.

"இதைப் பாத்து லெக்சரர் கேட்டவர், மருந்துச் சீட்டோ எண்டு."

கொண்டச்சிச் சந்தியில் இறங்கி, மணல் பாதையால் கடற்கரைக்கு நடந்தார்கள். சோளகக் காற்று முகத்தில் மணலை வாரி அடித்தது. கடல் கலங்கிக் கொந்தளித்தது.

கரையில் ஒன்றுமே இல்லை.

கம்புகள் நட்ட குழிகள் வரிசையாக இருந்தன. கரிபிடித்த மூன்று அடுப்புக் கற்களும், கால் உடைந்த ஒரு பிளாஸ்ரிக் கதிரையும் கிடந்தன. அவ்வளவுதான்.

"சொன்னன் தானே மிஸ்," என்றாள் ஸல்மா. ஆனால் அதைச் சொன்ன குரலில் பஸ்ஸில் இருந்த உற்சாகம் இல்லை.

சந்தியில் சில்லறைக் கடை வைத்திருக்கும் அப்துல் ஹமீட், இரண்டு பெண்கள் வெறுங்கரையில் நிற்பதைக் கண்டு சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார்.

"ஆரைத் தேடுறீங்க? வாடி சித்திரையோட கொட்டிலைக் கழட்டிக்கொண்டு எழும்பிட்டுதே. இந்தக் காத்துக்கு இஞ்ச ஆர் வலை வளைக்கிற?"

"எட்வேட் எண்டு ஒருத்தர்..."

"எட்வேட்டோ? இந்த மூண்டு கல்லுக் கிடக்குதே, அதுதான் அவர்ட குசினி. இருபது வருசமா இதே இடம். வருசத்துல ஆறேழு மாசம். மகள் பள்ளிக்கூட லீவு விட்டா இஞ்சதான் வரும். வாடியில கரண்ட் இல்ல. என்ட கடை வாசல் லைட்டுக்குக் கீழ குந்திப் படிக்கும். ரிசல்ட்டும் என்ட போன்லதான் பாத்தது. அண்டைக்கு எட்வேட் என்ட கடையில இருந்த டொபி எல்லாத்தையும் போத்தலோட தூக்கிக்கொண்டு போயிட்டார். அடுத்த நாள் ஊர்ப் பிள்ளையள் வந்து டொபி கேட்டுக் குழப்படி." அவர் சிரித்துவிட்டு சுபத்திராவைப் பார்த்தார். "ஏன், அந்தப் பிள்ளைக்கு ஏதும் பிரச்சினையோ?"

சுபத்திரா பதில் சொல்வதற்குள் ஸல்மா திரும்பி நடக்கத் தொடங்கியிருந்தாள். சந்தியின் பஸ் தரிப்பு நிழலில் சட்டென்று கையை நீட்டினாள்.

"என்ர கடிதத்தைத் தாங்கோ மிஸ்."

"பதிவு இலக்கம் போட்டாச்சு. இனித் திருப்பி எடுக்கேலாது."

"கிழிச்சுப்போடுங்கோ."

"ஏன், உமக்கு அறை வேண்டாமோ?"

"வேணும்." கண்ணில் நீர் முட்டியது. அதைக் கோபமாகத் துடைத்தாள். "ஏன் வேண்டாம்? வேணும். ஆனா அவளுக்கு வீடு இருக்கு எண்டு நினைச்சுத்தானே எழுதினனான். இப்பிடி எண்டு எனக்கு ஆர் சொன்னது?"

அன்று மாலை சுபத்திரா அறிக்கையை எழுத உட்கார்ந்தாள். 'தாழ்வுபாட்டு வீட்டில் யாரும் இல்லை. கொண்டச்சியில் வீடே இல்லை.' இரண்டும் உண்மை. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் றொஷேல் பெரிய பொய்க்காரி போலத் தெரிந்தது. தாளைக் கிழித்தாள். மறுபடி எழுதினாள். பிறகு விதிக் கோவையை முதல் பக்கத்திலிருந்து வாசிக்கத் தொடங்கினாள்.

வெள்ளிக்கிழமை காலை எட்வேட் வந்து நின்றார். மகள் சொல்லக் கேட்டு முதல் நாளே கொக்கிளாயில் பஸ் ஏறி, வவுனியாவில் மாறி வந்திருக்கிறார். வெள்ளைச் சேர்ட் போட்டிருந்தார். கயிறு இழுத்துக் காய்த்த கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் தில்லைநாதனின் மேசைக்கு முன்னால் நின்றார். பக்கத்தில் றொஷேல் தலையைக் குனிந்திருந்தாள்.

"இருங்கோ," என்றார் தில்லைநாதன். "உங்கட மகள் இருக்கிற வீட்டை மறைச்சு எழுதியிருக்கிறா."

"மறைக்கேல்லை சேர். என்ன எழுதிறது எண்டு என்னட்டைத்தான் கேட்டவள். நாங்க இருக்கிற இடத்தை எழுது எண்டு நான்தான் சொன்னனான். இருக்காத இடத்தை எழுதினாத்தான் பொய் எண்டு நினைச்சன்."

"தாழ்வுபாட்டு வீடு உங்கட பேரில தானே?"

"ஓம் சேர். என்ர பேர்தான். நான் கட்டின வீடு." எட்வேட் சேர்ட் பையிலிருந்து வீட்டுப் பூட்டின் திறப்பை எடுத்து மேசையில் வைத்தார். "இந்தாங்கோ. அந்த வீட்டில பிள்ளை நிக்கோணும் எண்டு சொன்னா நிக்கட்டும். நாங்க கடலை விட்டுப்போட்டு வரேலாது. மூண்டு அறை, பின்னால கிணறு, தனிய இருப்பாள். பத்தொன்பது வயசு. தனிய இருக்கலாம் எண்டு ஒரு கடிதம் மட்டும் நீங்க கையெழுத்து வைச்சுத் தாங்கோ சேர். நான் இவளின்ர தாய்க்குக் காட்டோணும்."

தில்லைநாதன் திறப்பைத் தொடவில்லை. அவருக்கும் பல்கலைக்கழகம் போகும் வயதில் ஒரு மகள் இருந்தாள். ஆனால் அது விதிக்கோவையில் இல்லாத சங்கதி.

"சுபத்திரா, உங்கட அறிக்கை எங்க?"

அவள் தாளை நீட்டினாள். "சேர், அதோட பதினேழாம் விதியையும் ஒருக்காப் பாக்கோணும். விடுதியில இருந்து நீக்கிற மாணவியைப் பெற்றோர் அப்ப வசிக்கிற இடத்தில, அவையின்ர கையெழுத்தை வாங்கித்தான் ஒப்படைக்கலாம்."

"தெரியும். அந்த விதியை எழுதின குழுவில நானும் இருந்தனான்."

"அப்ப இவவைக் கொக்கிளாயிலதான் சேர் கொண்டுபோய் விடோணும். நூற்றைம்பது கிலோமீற்றருக்குக் குறையாது."

"ம்."

"பெற்றோர் வசிக்கிற இடந்தான் வீடு எண்டால், நாலாம் விதிப்படி அந்தப் பிள்ளைக்கு விடுதி குடுக்கோணும்."

தில்லைநாதன் அறிக்கையை இரண்டு தரம் வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு றொஷேலைப் பார்த்தார்.

"நிரந்தர முகவரிக்கு மேற்படி எண்டு எழுதினது பிழை. விளங்குதோ? எழுத்து மூலம் எச்சரிக்கை தருவன். அது கோவையில கிடக்கும். புதுப் போம் எடுத்து மூண்டு இடத்தையும் எழுதும், எந்த மாதத்தில எங்க எண்டு."

"கட்டத்தில இடம் காணாது சேர்," என்றாள் றொஷேல் மெல்ல.

"பின்பக்கத்தில எழுதும்." அவர் திறப்பை விரல் நுனியால் எட்வேட் பக்கம் தள்ளினார். "நீங்க இதைக் கொண்டுபோங்கோ. பிள்ளை இஞ்ச நிக்கட்டும்."

எட்வேட் எழுந்து இரண்டு கையாலும் கும்பிட்டார். கொக்கிளாய்க்குத் திரும்பும் பஸ்ஸைப் பிடிக்க மகளிடம்கூடச் சரியாக விடைபெறாமல் ஓடினார்.

பின்னேரம் வகுப்பு முடிந்து விறாந்தைப் படியில் ஸல்மா காத்திருந்தாள். சுபத்திரா நேராகவே சொன்னாள். "றொஷேல் நிக்கிறா. உமக்கு இந்தத் தவணை இடமில்லை. அடுத்த கட்டில் வெறுமையானா உமக்குத்தான். எப்ப எண்டு சொல்லேலாது."

ஸல்மா தலையாட்டினாள். நிம்மதியும் ஏமாற்றமும் அவள் முகத்தில் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டிருந்தன. புத்தகப் பையைத் தோளில் போட்டாள். நாலேகால் பஸ்ஸுக்கு இன்னும் பத்து நிமிடம்தான்.

"ஏய், நில்லடி," என்று பின்னால் குரல் கேட்டது. றொஷேல். "பேர் போட்டு எழுதினனியாமே. அவ்வளவு துணிவோ?"

"பேர் போடாம எழுத நான் என்ன கள்ளியோ?"

இருவரும் ஒரு கணம் முறைத்துக்கொண்டார்கள்.

"திங்கள் சோதினை துவங்குது," என்றாள் றொஷேல். "அஞ்சு மணி பஸ் பஞ்சரானா என்ன செய்வாய்? என்ர அறையில வந்து நில்லு. கட்டில் அகலமானதுதான். ஆனா நான் உதைப்பன்."

ஸல்மா சுபத்திராவைப் பார்த்தாள். றொஷேலும் பார்த்தாள்.

"வெளியாட்கள் விடுதியில தங்கக் கூடாது. இருபத்திரண்டாம் விதி," என்றாள் சுபத்திரா.

இரண்டு முகங்களும் தொங்கிப்போயின.

"சோதினைக் காலத்தில, காப்பாளரின்ர எழுத்து மூல அனுமதியோட, நாலு இரவு தங்கலாம். அதுவும் இருபத்திரண்டாம் விதிதான். ஆரும் முழுக்க வாசிக்கிறேல்லை." அவள் ஏற்கெனவே திரும்பி நடந்துகொண்டிருந்தாள். தில்லைநாதன் மோட்டார் சைக்கிளை எடுப்பதற்குள் ஒரு கையெழுத்து வாங்கியாக வேண்டும். "ஸல்மா, நீர் உம்மட வாப்பாவுக்குக் கோல் எடுத்துக் கேளும். அவர் ஓம் எண்டால்தான் போம் தருவன்."

ஸல்மா தொலைபேசியை எடுத்தாள். மறுமுனையில் மணி அடிக்கும்போது றொஷேல் அவளுடைய பையை வாங்கிக்கொண்டாள்.