ஒரு கை பாத்துடறேன்

செருகியதும் வேலை செய்துவிட்டது. அதுதான் மருந்தாளுநருக்குப் பொறுக்கவில்லை.

சனிக்கிழமை காலை வீட்டுக்கு வந்த பொருள் ஒரு பேனா டேப்லட். கறுப்பாக, தட்டையாக, விரித்த நோட்டுப்புத்தகம் அளவுக்கு இருந்தது. அதன்மேல் பேனாவால் வரைந்தால் கம்ப்யூட்டர் திரையில் கோடு விழும். வாங்கியவள் அவர் மனைவி. அதை வீட்டுக் கம்ப்யூட்டரோடு ஒத்துப்போக வைப்பது தன் தலையில் விழப்போகும் பெரிய வேலை என்று மருந்தாளுநர் ஒரு வாரமாக வரிந்துகட்டிக்கொண்டு இருந்தார். பதினான்கு பக்கக் குறிப்புகளை ஆஸ்பத்திரி பிரின்டரில் யாரும் பார்க்காத நேரத்தில் அச்சடித்தும் வைத்திருந்தார்.

காரணம் உண்டு. மூன்று மாதம் முன்னால்தான் அந்தக் கம்ப்யூட்டரில் இருந்த பழைய சிஸ்டத்தை அடியோடு துடைத்துவிட்டு லினக்ஸ் என்ற இலவச, கட்டற்ற சிஸ்டத்தை ஏற்றினார். வீட்டில் யாரும் கேட்கவில்லை. கட்டற்ற மென்பொருள் என்று யாராவது சொன்னாலே அவருக்கு நெஞ்சு ஓர் அங்குலம் நிமிரும். அதற்கென்று இணையத்தில் இருந்த மன்றத்தில் 'கட்டற்றவன்' என்று பெயர் வைத்துக்கொண்டார். "கட்டிக்கிட்டவ ஒருத்தி குத்துக்கல்லாட்டம் இங்க இருக்கேன், உங்களுக்குக் கட்டற்றவன்னு பேரா?" என்று மனைவி கேட்டாள். அந்த மன்றத்தில் அவர் இதுவரை யாருக்கும் பதில் சொன்னதில்லை, கேள்வி மட்டும் இருபத்துமூன்று கேட்டிருக்கிறார்.

இப்படிப் போருக்குப் புறப்பட்டு நின்றவர் கண்ணெதிரே மனைவி வயரைச் செருகினாள், பேனாவை இழுத்தாள், திரையில் கோடு விழுந்தது.

"வேலை செய்யுதே," என்றாள்.

"மேலோட்டமா செய்யுது. உள்ள எப்படி இருக்குன்னு பாக்க வேண்டாமா? நீ எந்திரி. நான் ஒரு கை பாத்துடறேன்."

அவள் எழுந்து போனாள். மருந்தாளுநர் உட்கார்ந்து, சரியாக இருந்த ஒன்றைச் சரிசெய்யத் தொடங்கினார்.

டேப்லட்டின் இடது ஓரத்தில் பட்டன்கள் வரிசையாக இருந்தன. ஒன்றுக்கும் எந்த வேலையும் கொடுக்கப்படவில்லை. வேலை இல்லாமல் இருப்பவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. நடுவில் இருந்த பெரிய பட்டனுக்கு ஒரு வேலை கொடுத்தார்: கடைசியாகப் போட்ட கோட்டை அழிப்பது. வலது கையில் பேனா, இடது கை பட்டன்மேல். தப்பாகப் போய்விட்டால் ஒரு தட்டு, கோடு காணாமல் போய்விடும். எவ்வளவு வசதி! இதை மனைவியிடம் விளக்கவும் செய்தார். ஆனால் அது நாற்பது நிமிட விளக்கத்தின் முப்பத்தெட்டாவது நிமிடத்தில் வந்தது. அவள் "ம்" என்றாள்.

திங்கட்கிழமை பத்து மணிக்கு அவளுக்குத் தேர்வு. பள்ளிப் பாடநூல் போடும் பதிப்பகம் ஒன்று அறிவியல் புத்தகத்துக்குப் படம் வரைய ஆள் தேடியது. அடுத்தவர் படத்தைத் தன் படம் என்று யாரோ கொடுத்து ஒருமுறை ஏமாற்றிவிட்டார்களாம், அதனால் இந்தத் தடவை பதிப்பாசிரியர் திரையில் பார்த்துக்கொண்டிருக்க, அவர் கண் முன்னால் வரைந்து காட்ட வேண்டும். வரைய வேண்டியது கரப்பான்பூச்சி. ஒன்பது வருடமாக டியூஷன் சென்டர் நோட்ஸுக்குக் கண், காது, சிறுநீரகம் என்று அவள் வரைந்து தள்ளியிருக்கிறாள். ஒன்றிலும் அவள் பெயர் வந்ததில்லை. இந்தப் புத்தகத்தில் வரும் என்று சொல்லியிருந்தார்கள். அதைச் சொன்னபோது அவள் முகம் எப்படி இருந்தது என்பது மருந்தாளுநருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அன்றைக்கு மட்டும் அவர் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் அவள் பழகிப் பார்க்க உட்கார்ந்தாள். தலை வந்தது, உடம்பு வந்தது, இடப்பக்கத்துக் கால்கள் மூன்றும் வந்தன. வலப்பக்கம் முதல் காலைப் போட்டதும் அது மறைந்தது. மறுபடி போட்டாள். மறுபடி போனது, போகிறபோது இடப்பக்கத்துக் கால் ஒன்றையும் கூட்டிக்கொண்டு போனது.

"ஏங்க, இங்க வாங்க. கால் நிக்க மாட்டேங்குது."

மருந்தாளுநர் ஓடி வந்தார். வருத்தமாக வந்தார் என்று சொன்னால் அது பொய். கடைசியில் ஒரு கோளாறு கிடைத்துவிட்டது.

அவள் பின்னால் நின்று திரையைப் பார்த்தார். கோடு வந்தது, போனது. "டிரைவர்," என்றார். டேப்லட்டையும் கம்ப்யூட்டரையும் பேசவைக்கும் அந்த மென்பொருளை மாற்றினார், தானே உட்கார்ந்து வரைந்து பார்த்தார். அவர் வரைந்தது கரப்பான்பூச்சியா கத்திரிக்காயா என்பதில் இரண்டு கருத்து இருக்கலாம், ஆனால் ஆறு காலும் அசையாமல் நின்றன. அவள் உட்கார்ந்தாள். கால்கள் போயின. "கெர்னல்," என்றார். லினக்ஸின் அடித்தளமான கெர்னல் புதிதாக இறங்கி ஏறி முடிய ஒரு மணி நேரம். அவர் வரைந்தார், நின்றது. அவள் வரைந்தாள், போனது. ஞாயிற்றுக்கிழமை காலை பேனாவின் அழுத்தத்தை மாற்றினார், திரையின் எல்லையை மாற்றினார், வரையும் மென்பொருளையே மாற்றினார். ஒவ்வொரு தடவையும் அவள் பின்னால் நின்று, கண்ணைத் திரையிலேயே ஒட்டவைத்துக்கொண்டு பார்த்தார்.

பதினோரு மணிக்கு அவர் வாயில் சனி உட்கார்ந்தது.

"என் கையில வருது. உன் கையிலதான் வர மாட்டேங்குது. ஒருவேளை உனக்குப் பழக்கம் இல்லாததுனால..."

அவள் பேனாவை வைத்தாள். "எனக்கு இதெல்லாம் வராது போலங்க," என்றாள் மெதுவாக. சண்டை போட்டிருந்தால் அவரால் தாங்கியிருக்க முடியும்.

பிறகு தங்கைக்கு போன் போட்டாள். தங்கையிடம் லேப்டாப் இருந்தது, மருந்தாளுநர் வாயால் சொல்ல மறுக்கும் அந்த இன்னொரு சிஸ்டத்தோடு. சாயங்காலம் ஆறு மணிக்குக் கொண்டுவருகிறேன் என்றாள் மச்சினி. போனில் அவள் சிரித்தது ஹால் வரைக்கும் கேட்டது.

"அவ எதுக்கு? நான்தான் ஒரு கை பாத்துடறேன்னு சொன்னேனே!"

"ரெண்டு நாளா பாத்துக்கிட்டுதான் இருக்கீங்க."

ஆறு மணிக்குள் மானத்தைக் காப்பாற்ற வேண்டும். மருந்தாளுநர் மன்றத்தில் தன் இருபத்துநான்காவது கேள்வியை எழுதினார். மூன்று பக்கம். கம்ப்யூட்டர் கக்கிய பதிவுகள் அத்தனையும் சேர்த்தார். 'நான் வரைந்தால் சரியாக இருக்கிறது, என் மனைவி வரைந்தால் வலப்பக்கக் கோடுகள் அழிகின்றன. லினக்ஸ் ஆளைப் பார்த்து வேலை செய்யுமா?' என்று முடித்தார்.

ஐந்தரைக்கு 'நத்தை' என்ற பெயரில் ஒருவர் பதில் எழுதியிருந்தார். முன்பின் தெரியாத ஆள்.

'உங்கள் பதிவுகளில் ஒரு குறையும் இல்லை. உங்கள் மனைவி எந்தக் கையால் வரைகிறார்?'

மருந்தாளுநருக்குச் சுர்ரென்று ஏறியது. கெர்னலைப் பற்றிக் கேட்டால் கையைப் பற்றிப் பேசுகிறானே! 'வல' என்று தட்டினார். மூன்றாவது எழுத்தில் விரல் நின்றது.

வலதுதானா?

சாப்பிடுவது சோத்தாங்கையால்தான். கையெழுத்துப் போடுவதும் வலது கையால்தான், எத்தனை படிவங்களில் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறார். ஆனால் வரைவது? கண்ணை மூடி யோசித்தார். ஜன்னலோர மேஜை தெரிந்தது. அதில் குனிந்திருக்கும் அவள் தலை, பின்னல், விளக்கு, வரைந்து முடித்த சிறுநீரகம் எல்லாம் தெரிந்தன. கை தெரியவில்லை. பதினொரு வருடக் குடித்தனத்தில் அந்த இடம் மட்டும் வெற்றிடமாக இருந்தது. எந்த டாக்டர் கிறுக்கினாலும் ஒரே பார்வையில் படித்துவிடுவார் என்று ஆஸ்பத்திரியில் பெயர் எடுத்தவர் அவர். ஊரில் உள்ளவர்கள் கையெழுத்தெல்லாம் தெரிந்தவருக்குக் கட்டினவளின் கை தெரியவில்லை.

கேட்டுவிடலாம். ஆனால் எப்படிக் கேட்பது? "இங்க பாரு, நீ எந்தக் கைக்காரி?" என்றா? எழுந்து உளவு பார்க்கப் போனார்.

அவள் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து பென்சிலால் தாளில் வரைந்துகொண்டிருந்தாள். கைக்கும் அவருக்கும் நடுவே டேப்லட்டின் அட்டைப்பெட்டி நின்றது. தண்ணீர் குடிக்கிற சாக்கில் ஒரு பக்கம் போனார், பெட்டி மறைத்தது. இரண்டாவது டம்ளருக்கு இன்னொரு பக்கம் சுற்றினார், அவள் தோள் மறைத்தது.

"என்ன வேணும் உங்களுக்கு?"

"தண்ணி."

"அதான் ரெண்டு டம்ளர் குடிச்சாச்சே."

"வெயில்," என்று சொல்லி மூன்றாவதைக் குடித்தார். அவள் அட்டைப்பெட்டியை நகர்த்திவிட்டுத் தாளைத் திருப்பினாள்.

இடது கை.

பென்சில் இடது கையில் இருந்தது. அந்தக் கையின் விளிம்பு, சுண்டுவிரலிலிருந்து மணிக்கட்டு வரைக்கும், பென்சில் கரி ஏறிப் பளபளத்தது. அந்தக் கரியை அவருக்குத் தெரியும். வாஷ்பேசின் சோப்பில் தெரியும், தலையணை உறையில் தெரியும், "எங்க போய்க் கரியைப் பூசிக்கிட்டு வர்ற?" என்று எத்தனையோ தடவை அலுத்துக்கொண்டதும் தெரியும். எந்தக் கையில் என்றுதான் பார்த்ததில்லை.

மீதி எல்லாம் ஒரு நொடியில் விளங்கியது. பேனா இடது கையில் இருந்தால், வலப்பக்கத்துக் காலைப் போட எட்டும்போது முன்கை முழுவதும் இடது ஓரத்துப் பட்டன்மேல் சாயும். நடுப்பட்டன் அமுங்கும். கோடு அழியும். இரண்டு நாளாக அவள் வரைந்த கால்களை ஒன்றொன்றாகப் பிடுங்கியது டிரைவரும் இல்லை, கெர்னலும் இல்லை. வசதி செய்து கொடுத்த மகராசன்தான்.

அறைக்கு ஓடினார். அமைப்புகளில் டேப்லட் பக்கத்தைத் திறந்தால் முதல் வரியே 'இடதுகைப் பழக்கம்' என்று இருந்தது. கண்ணில் குத்துகிற இடத்தில், பதினான்கு பக்கத்தில் எங்கும் போக வேண்டிய அவசியமே இல்லாமல். அதைப் போட்டுவிட்டு டேப்லட்டைத் தலைகீழாகத் திருப்பி வைத்தார். பட்டன்கள் வலது பக்கம் வந்தன. பத்து விநாடி வேலை.

மனைவியைக் கூப்பிட்டார். அவள் நம்பிக்கை இல்லாமல் உட்கார்ந்து வரைந்தாள். ஒரு கால், இரண்டு கால், வலப்பக்கம் மூன்று கால். ஆறும் நின்றன. மீசை இரண்டையும் ஒரே இழுப்பில் போட்டாள். அவருக்குக் கரப்பான்பூச்சி என்றால் கொஞ்சம் பயம், ஆனாலும் அதைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

"என்னங்க கோளாறு?"

அதற்குள் அழைப்பு மணி அடித்தது. மச்சினி லேப்டாப்பும் கையுமாக உள்ளே வந்தாள். திரையைப் பார்த்தாள், ஆறு காலையும் எண்ணினாள்.

"பரவாயில்லையே மாமா! சரி பண்ணிட்டீங்களா? என்ன ஆச்சு?"

பொய் நாக்கு நுனியில் வந்து நின்றது. "கெர்னல்ல ஒரு சின்ன..." என்று தொடங்கினார். மனைவி ஆவலாக அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோளாறு தன்னிடம் இல்லை என்று யாராவது சொல்ல மாட்டார்களா என்று கேட்கிற பார்வை. அதற்கு மேல் பொய் வரவில்லை.

"கெர்னல் இல்ல. நான்தான். நடுப்பட்டன்ல அழிக்கிறதை வச்சேன். உன் கை அது மேல பட்டுக்கிட்டே இருந்திருக்கு. நீ இடது கையால வரைவேன்னு எனக்குத் தெரியாது."

மச்சினி வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்தியும் சிரிப்பு வெளியே வந்தது. "பதினொரு வருஷமா மாமா?"

மனைவி சிரிக்கவில்லை. அவரையே பார்த்தாள்.

"ஒரு கை பாத்துடறேன், ஒரு கை பாத்துடறேன்னு ரெண்டு நாளா சொன்னீங்களே. எந்தக் கையைப் பாத்தீங்க?"

மருந்தாளுநர் கையைப் பிசைந்தார். அது ஒன்றுதான் அப்போது அவருக்குச் செய்யத் தெரிந்தது.

அவளே சொன்னாள், கரி படிந்த கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே. "சின்ன வயசுல எழுதுனா அடிப்பாங்க, சாப்பிட்டா அடிப்பாங்க. பீச்சாங்கையைக் கீழ போடு, கீழ போடுன்னு ஒரே சத்தம். அதெல்லாம் மாத்திக்கிட்டேன். வரையறதை மட்டும் யாரும் உக்காந்து பாத்ததில்ல. அதனால அது தப்பிச்சிருச்சு."

உட்கார்ந்து பார்க்காதவர்கள் பட்டியலில் தானும் பதினொரு வருடமாக ஒழுங்காகக் கையெழுத்துப் போட்டு வந்திருக்கிறோம் என்பது புரிந்தது.

மன்றத்தில் அவர் எழுதிய பதில்தான் அங்கே அவர் எழுதியதிலேயே சின்னது: 'இடது. இப்போதுதான் தெரிந்தது. திருமணமாகிப் பதினொரு வருடம்.' நத்தை உடனே எழுதியது: 'எனக்குத் தெரியப் பதினாறு ஆனது. அதனால்தான் கேட்டேன்.'

திங்கட்கிழமை மருந்தாளுநர் விடுப்பு எடுத்தார். பத்து மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது மனைவி திரும்பி, "நீங்க எதையும் தொடாதீங்க," என்றாள். அவர் எழுந்து வெளியே போகப் பார்த்தார். "போகச் சொல்லல. உக்காருங்க."

முக்காலியை இழுத்து அவளுக்கு இடப்பக்கம் போட்டுக்கொண்டார். திரையில் ஆசிரியர் அம்மா வந்தார், வணக்கம் சொன்னார்கள், மனைவி வரையத் தொடங்கினாள். மருந்தாளுநர் திரைப்பக்கம் திரும்பவே இல்லை. ஒவ்வொரு கோட்டுக்கும் முன்னால் அவள் சுண்டுவிரலை லேசாகத் தூக்குகிறாள். நீளக் கோட்டுக்கு மூச்சைப் பிடிக்கிறாள். முடிந்ததும் பெருவிரலால் பேனாவை ஒரு தடவை உருட்டிக்கொள்கிறாள். இத்தனையும் அவருக்குப் புதுச் செய்தி.

"அந்தப் பின்னங்கால் கொஞ்சம் நீளமா இருக்கணும்மா," என்றது ஸ்பீக்கர்.

"இதோ," என்றாள். அவளுடைய வலது கை அலட்டிக்கொள்ளாமல் ஓரத்துக்குப் போய் நடுப்பட்டனை ஒரு தட்டுத் தட்டியது. கால் மறைந்தது. இடது கை புதுக் காலைப் போட்டது. முப்பத்தெட்டாவது நிமிடத்தில் அவர் விளக்கிய வசதி கடைசியில் அவள் கைக்கு வந்துவிட்டது. மருந்தாளுநருக்குக் கண் கலங்கிவிட்டது. தூசி கீசி ஒன்றும் விழவில்லை, அழுகைதான்.

நாற்பது நிமிடத்தில் முடிந்தது. "படத்துக்குக் கீழ பேர் போடணும். எப்படிப் போடறதுன்னு எழுதிக் காட்டுங்கம்மா," என்றார் ஆசிரியர் அம்மா.

பழக்கதோஷத்தில் அவள் பேனாவை வலது கைக்கு மாற்றினாள். பிறகு ஒரு நொடி நின்று, பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரை ஓரக்கண்ணால் பார்த்தாள். பேனாவை இடது கைக்கே திருப்பிக் கொண்டுவந்து, கரப்பான்பூச்சியின் காலடியில் தன் பெயரை எழுதினாள். எழுத்து கொஞ்சம் கோணலாக வந்தது. அவள் அதை அழிக்கவில்லை.